ஓகஸ்ட் மாதத்து வன்னி எத்தனை பேரைத் தாங்கும்?

"வன்னியில் காணிக்கு என்ன குறை?" என்ற பேச்சு வடக்கில் எல்லாருக்கும் பழக்கமானது. முதல் பார்வைக்குக் கணக்கும் அதற்கு ஒத்துப்போகும். 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகிய நாலு மாவட்டங்களிலும் சேர்த்து ஏறத்தாழ நாலே முக்கால் இலட்சம் பேர். நிலமோ 7,300 சதுர கிலோமீற்றருக்கு மேல். சதுர கிலோமீற்றருக்கு 65 பேர் வருகிறார்கள். நாட்டின் சராசரி அப்போது 320க்கு மேல். முல்லைத்தீவில் வெறும் 38 பேர்தான். இலங்கையிலேயே ஆகக் குறைந்த அடர்த்தி அது. யாழ்ப்பாணத்தில் இதைவிட மிகச் சிறிய நிலத்தில் 5,80,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள்.

வரைபடத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இது காலி இடம். குடியேற்றம், தொழிற்பேட்டை, கரும்பு, சோலார் என்று என்னவும் கொண்டுவந்து வைக்கலாம் என்றுதான் தோன்றும். ஆனால் ஒரு மாவட்டம் எத்தனை பேரை, எந்த அளவு அபிவிருத்தியைத் தாங்கும் என்று கணக்கிடுகிறவர்கள் ஆள்தொகையை நிலத்தால் வகுத்துவிட்டு எழுந்து போவதில்லை. அவர்கள் கேட்கும் கேள்விகளே வேறு.

தாங்குதிறன் என்ற எண்ணம் முதலில் உயிரியலிலிருந்து வந்தது. 1838இல் பெல்ஜியக் கணிதர் வெர்ஹுல்ஸ்ட் ஒரு வளைகோட்டை வரைந்தார். எந்த உயிரினமும் முதலில் வேகமாகப் பெருகும், உணவும் இடமும் நெருக்கத் தொடங்கியதும் வேகம் குறையும், கடைசியில் ஒரு உச்ச எண்ணிக்கையில் நின்றுவிடும். அந்த உச்சம்தான் பிற்காலத்தில் தாங்குதிறன் என்று சொல்லப்பட்டது. மானுக்கும் மீனுக்கும் இது ஓரளவு சரிவரும். மனிதருக்கு அப்படியே பொருந்தாது. மானுக்கு வெளியூரிலிருந்து லொறியில் புல் வராது. நமக்கு அரிசி வரும். 1995இல் போரால் யாழ்ப்பாணத்திலிருந்து நடந்த இடப்பெயர்வுக்குப் பிறகு வன்னி தன் வழமையான சனத்தொகையைவிட எத்தனையோ மடங்கு பேரைச் சுமந்தது. சுமந்தது என்பதற்காக அதுதான் அதன் தாங்குதிறன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். உயிர் தப்புவது வேறு, தலைமுறை தலைமுறையாக நிலமும் நீரும் கெடாமல் வாழ்வது வேறு. மதிப்பீடு தேடுவது இரண்டாவதைத்தான்.

மனிதருக்கென்று முதலில் உருப்படியாகக் கணக்குப் போட்டவர்களில் ஒருவர் வில்லியம் அலன். இன்றைய சாம்பியாவில், காட்டை வெட்டி எரித்துச் சேனைப்பயிர் செய்யும் மக்களிடையே வேலை செய்த வேளாண்மை அதிகாரி. அவருக்குத் தேவைப்பட்டவை மூன்று எண்கள்: ஓராளுக்கு ஒரு வருடத்தில் எவ்வளவு பயிர்நிலம் வேண்டும், அந்த நிலம் மறுபடி விளைய எத்தனை மடங்கு நிலம் காடாகக் கிடக்கவேண்டும், மொத்த நிலத்தில் எத்தனை வீதம் பயிருக்கு உகந்தது. வன்னிக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். ஆளுக்கு ஒரு ஏக்கர்; ஒரு வருடம் வெட்டி விதைத்த இடத்தை ஒன்பது வருடம் காட்டுக்கு விடுகிறோம் என்று வைத்தால் பத்து மடங்கு; நிலத்தில் 40 வீதம் உகந்தது. ஓராளுக்கு 25 ஏக்கர் வருகிறது. ஒரு சதுர கிலோமீற்றர் 247 ஏக்கர். ஆக, சேனையை மட்டும் நம்பினால் சதுர கிலோமீற்றருக்குப் பத்துப் பேர்! இவை நான் எடுத்துக்காட்டுக்காக வைத்த எண்கள்தான். ஆனாலும் 38 என்ற அடர்த்தி சேனைக்கணக்கில் ஏற்கெனவே பெருங்கூட்டம் என்பது விளங்கும். அந்தக் கூட்டத்தைத் தாங்குவது குளம்.

கலியாண வீட்டில் சோறு அண்டா நிறைய இருந்தாலும் வாழையிலை முடிந்தால் பந்தி முடிந்தது. மாவட்டங்களும் இப்படித்தான். நிலம், மழை, மண், சுகாதாரம், வருமானம் எல்லாவற்றிலும் எது முதலில் முட்டுகிறதோ அதுதான் எல்லை. மற்றவை எவ்வளவு மிஞ்சிக் கிடந்தாலும் பயனில்லை. இந்த முட்டும் பொருள் காலத்துக்குக் காலம் மாறும் என்பதுதான் சுவையான விசயம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதிவரை உலர்வலயத்தில் முட்டியது மலேரியா. 1934–35 கொள்ளைநோயை நாடே மறக்கவில்லை. 1940களின் நடுப்பகுதியில் டிடிரி என்ற பூச்சிகொல்லி தெளிக்கத் தொடங்கிய பிறகுதான் பெரிய குடியேற்றத் திட்டங்கள் நிலைத்து நின்றன. 2016இல் இலங்கை மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நுளம்பு வைத்திருந்த எல்லைக்கோட்டை இன்று வைத்திருப்பது தண்ணீர்.

தண்ணீர் என்றால் எவ்வளவு மழை பெய்கிறது என்பதல்ல முதற் கேள்வி. வன்னியின் பெரும்பகுதியில் வருடத்துக்கு 1,200 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. உலகில் எத்தனையோ செழிப்பான ஊர்களுக்கு இதில் பாதிதான். ஆனால் அதில் பெரும்பங்கு ஒக்டோபர் தொடங்கி ஜனவரிக்குள் கொட்டி முடிந்துவிடுகிறது. மே முதல் செப்டெம்பர் வரை சோளகக்காற்று அடிக்கும், வெயில் எரிக்கும், மழை எட்டியும் பார்க்காது. வருடச் சராசரியை எடுத்து ஆளுக்கு இத்தனை கனமீற்றர் என்று வகுக்கும் உலகளாவிய அளவுகோல்கள் எனக்கு நம்பிக்கை தராததற்குக் காரணம் இதுதான். டிசெம்பரில் வான் பாய்ந்து கடலுக்குப் போன தண்ணீரை ஓகஸ்டில் யாரும் குடிக்க முடியாது.

இரணைமடுவை எடுத்துக்கொள்வோம். கனகராயன் ஆற்றை மறித்துக் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டி, பல தடவை உயர்த்தி, கடைசியாக 34 அடியிலிருந்து 36 அடிக்குக் கொண்டுவந்த குளம். இப்போதைய கொள்ளளவு ஏறத்தாழ 1,20,000 ஏக்கர் அடி. (ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஒரு ஏக்கர் அடி.) அதன்கீழ் 20,000 ஏக்கருக்குச் சற்று மேலான வயல் இருக்கிறது. காலபோகத்தில், அதாவது மாரிப் பயிர்க்காலத்தில், மழையும் கைகொடுப்பதால் அத்தனையும் விதைக்கலாம். சிறுபோகம் என்ற கோடைப் பயிர்க்காலத்தில் மழை இல்லை. வாய்க்கால் சேதாரத்தையும் சேர்த்து நெல்லுக்கு ஏக்கருக்கு 4 முதல் 5 ஏக்கர் அடி தண்ணீர் போகும். நடுவில் நாலரை என்று வைத்தால், நிறைந்த குளம் 26,000 ஏக்கருக்கும் போதும் என்று கல்குலேட்டர் சொல்லும். அப்படியென்றால் ஏன் ஒவ்வொரு வருடமும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் சிறுபோகத்துக்கு இவ்வளவு ஏக்கர்தான் என்று வரையறுத்து, பங்கு பிரித்து, மண்டை உடையும் அளவுக்கு வாக்குவாதம் நடக்கிறது?

சித்திரையில் குளம் நிறைந்திருக்கும் என்பது உறுதியில்லை. காலபோகத்தின் கடைசித் தண்ணீர் அதிலிருந்துதான் போயிருக்கும். தண்ணீர் திறக்கும் மதகான துருசுக்குக் கீழே கிடக்கும் தண்ணீர் வயலுக்கு ஏறாது. மீனுக்கும் மாட்டுக்கும் சுற்றுவட்டாரக் கிணறுகளின் ஊற்றுக்கும் கொஞ்சம் விடவேண்டும். இவற்றோடு சேர்த்து வெயிலும் தன் பங்கை எடுக்கிறது. நாளுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாகிறது என்று குறைத்தே வைத்தாலும் 120 நாளில் 60 சென்ரிமீற்றர், அதாவது இரண்டு அடி. 36 அடியில் இரண்டு அடி போனால் என்ன என்று நினைக்கலாம். ஆனால் குளம் அடியில் ஒடுங்கி மேலே விரிந்தது. குளக்கட்டைக் கடைசியாக இரண்டு அடி உயர்த்தியபோது கூடிய கொள்ளளவே ஏறத்தாழ 13,000 ஏக்கர் அடி. நிறைகுளத்தில் வெயில் குடிப்பது கிட்டத்தட்ட அந்த அளவு, கிட்டத்தட்ட 2,900 ஏக்கர் நெல்லுக்கான தண்ணீர். நீர்மட்டம் இறங்க இறங்கப் பரப்பும் சுருங்குவதால் உண்மையில் கொஞ்சம் குறையும்.

இதே குளத்தை இன்னொரு கண்ணால் பாருங்கள். ஓராள் குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க நாளுக்கு 120 லீற்றர் என்று வைத்தால் வருடத்துக்கு ஏறத்தாழ 44 கனமீற்றர். ஒரு ஏக்கர் சிறுபோக நெல் குடிக்கும் நாலரை ஏக்கர் அடி 5,550 கனமீற்றர். அதாவது ஒரு ஏக்கர் நெல்லின் தண்ணீரில் 126 பேர் ஒரு வருடம் சீவிக்கலாம். அதே ஏக்கரில் விளைவது ஒன்றே முக்கால் தொன் நெல்; குத்தினால் ஏறத்தாழ 1,200 கிலோ அரிசி; வருடத்துக்கு நூறு கிலோவுக்குச் சற்று மேல் சாப்பிடும் நமக்குப் பதினொரு பேரின் சோறு. எனவே இரணைமடு எத்தனை பேரைத் தாங்கும் என்று கேட்டால் நேரான பதில் இல்லை. வீட்டுத் தண்ணீர் மட்டும் என்றால் இலட்சக்கணக்கில். சோற்றையும் சேர்த்தால் வேறு எண். அந்த நெல்லை விற்ற காசில் பிள்ளையைப் படிப்பிக்கவும் உழவு மெசினுக்குக் கட்டுக்காசு கட்டவும் வேண்டும் என்றால் அதைவிடச் சிறிய எண். கடைசி எண்ணில்தான் மனிதர் வாழ்கிறார்கள். மதிப்பீட்டு அறிக்கைகள் முதலாவது எண்ணில் நின்றுவிடுவதைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

அப்புறம், எந்த வருடத்தை வைத்துக் கணக்கிடுவது? சராசரி வருடத்தை வைத்தால் இரண்டு வருடத்தில் ஒரு வருடம் ஏமாற்றம்தான். இலங்கையை 46 விவசாயச் சூழல் வலயங்களாகப் பிரித்தவர்கள் இதை உணர்ந்துதான் 75 வீத நிகழ்தகவு மழையை அளவாக வைத்தார்கள். நாலு வருடத்தில் மூன்று வருடம் இதற்குக் குறையாமல் பெய்யும் என்ற அளவு. உலர்வலயத்தின் டிஎல்3 என்ற பிரிவுக்கு அது 800 மில்லிமீற்றர். மன்னார்க் கரையின் டிஎல்4க்கு 750தான். சராசரியை நம்பித் திட்டம் போட்ட ஊர்களுக்குத்தான் வறட்சி வருடத்தில் பவுசர் என்ற தண்ணீர் வண்டி வந்து நிற்கிறது. பவுசர் ஓடும் கிராமங்களின் பட்டியலை வருடக்கணக்கில் அடுக்கிப் பார்த்தாலே எந்தப் பிரதேச செயலகப் பிரிவு எல்லையைத் தொட்டுவிட்டது என்று தெரிந்துவிடும். பெரிய மாதிரியுருக்கள் தேவையில்லை.

குளம் இல்லாத இடத்துக்கு நிலத்தடி நீர் இருக்கிறதே என்பார்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லை மனதில் வைத்துக்கொண்டு வன்னியில் கிணறு தோண்டக்கூடாது. வன்னியின் உள்நிலத்தில் கீழே இருப்பது கருங்கல். அதன்மேல் உக்கிய சில மீற்றர் படையிலும் பாறை வெடிப்புகளிலும்தான் தண்ணீர். மேற்கே முருங்கன் பக்கம் ஆழத்தில் நல்ல நீர்ப்படுகை இருக்கிறது, அது விதிவிலக்கு. மற்ற இடங்களில் பக்கத்துக் காணியில் குழாய்க்கிணறு அடித்தால் நம் கிணற்றின் மட்டம் இறங்குவதை மக்களே பார்க்கிறார்கள். கடினப்பாறை நீருக்கு இன்னொரு சிக்கல், தரம். இலங்கைத் தரநிர்ணயத்தில் குடிநீரில் புளோரைட் லீற்றருக்கு ஒரு மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. வவுனியாவின் பல கிணறுகள் அதைத் தாண்டுகின்றன. சிறுநீரக நோயும் அங்கே இருக்கிறது. அதன் காரணம் பற்றி ஆய்வாளர்களிடையே இன்னும் ஒத்த கருத்தில்லை. ஆர்ஓ இயந்திரத்தில் வடிகட்டிச் சுத்தமாக்கிய தண்ணீரை வாங்கிக் குடிக்கும் குடும்பத்துக்குக் கிணறு நிறைந்திருந்தும் எல்லை வந்துவிட்டது என்றுதான் பொருள். இதற்குமேல் மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே மெல்லிய படையில்தான் இறங்குகின்றன. ஐம்பது அடி இடைவெளி விடு என்ற பழைய விதியை அரை ஏக்கர்க் காணியில் காப்பாற்றலாம். அதையே நாலாகப் பிரித்து விற்றால் முடியாது. வவுனியா நகரத்தைச் சுற்றி நடப்பது அதுதான்.

வெறுமையாகக் கிடப்பதாகத் தெரியும் காட்டுக்கு வருவோம். முல்லைத்தீவில் பாதிக்கு மேல் காடு. அது குளங்களின் நீரேந்து பகுதி. காட்டில் விழும் மழை மெதுவாக ஊறி, வண்டல் குறைவாகக் குளத்துக்கு வருகிறது. வெட்டினால் வெள்ளம் ஒரே மூச்சில் வந்து, குளமும் வருடத்துக்கு வருடம் தூர்ந்துபோகும். குளம் நிறையும்போது தண்ணீர் ஏறும் அலைகரையில் யாராவது வேலி போட்டால் நீர்மட்டத்தை உயர்த்த விடமாட்டார்கள். குளத்தின் கொள்ளளவு தாளில் மட்டும் இருக்கும். 2018 டிசெம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஒரே இரவில் வந்த வெள்ளம் எந்தெந்த இடம் வீடு கட்டத் தகாதது என்று அடையாளம் காட்டிவிட்டுப் போனது. நல்ல மதிப்பீடு இந்த இடங்களை முதலிலேயே கழித்துவிட்டு மிச்ச நிலத்தைத்தான் எண்ணும். யானைகள் போய்வரும் பாதையையும் கழிக்கவேண்டும். கழிக்காவிட்டால் யானை தானே வந்து கழித்துக்கொள்ளும்.

காணிச் சட்டமும் கணக்கில் உண்டு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் வழங்கிய காணியைத் துண்டாடாமல் இருக்கப் அடுத்த உரிமைக்காரராக, அதாவது பின்னுரித்தாளராக, ஒருவரை மட்டும் நியமிக்கும் முறை வந்தது. காணி உடையவில்லை, மற்றப் பிள்ளைகள்தான் காடு வெட்டப் போனார்கள், இல்லாவிட்டால் வெளிநாடு போனார்கள். வெளிநாட்டுக் காசும் தாங்குதிறனை உயர்த்துகிறது. வயலே இல்லாத வீட்டில் மூன்று நேரச் சோறும் மோட்டர் சைக்கிளும் இருப்பதற்கு அதுதான் விளக்கம்.

எல்லையை இடம் மாற்றுவதற்கு ஆகப் புதிய உதாரணம் தாளையடி. யாழ்ப்பாணத்துக்கு இரணைமடுத் தண்ணீரைக் கொண்டுபோகும் திட்டத்தைக் கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள். கடைசியில் 2024இல் வடமராட்சி கிழக்கில் நாளுக்கு 24,000 கனமீற்றர் நன்னீராக்கும் கடல்நீர் நிலையம் திறந்தார்கள். அந்த அளவைக் குளத்திலிருந்து எடுத்திருந்தால் வருடத்துக்கு ஏறத்தாழ 1,580 ஏக்கர் சிறுபோகம் போயிருக்கும். கடலிலிருந்து எடுப்பதால் வயல் தப்பியது. ஆனால் கடல்நீரின் உப்பை நீக்கக் கனமீற்றருக்கு மூன்று முதல் நாலு அலகு மின்சாரம் வேண்டும். மூன்றரை என்று வைத்தால், நிலையம் முழு அளவில் ஓடும் நாளில் 84,000 அலகு. யாழ்ப்பாணத்தின் குடிநீர்க் கணக்கில் மழைக்கு இருந்த இடத்தில் இப்போது மின்கட்டணம் இருக்கிறது. வன்னியின் கரையோர ஊர்களுக்கும் இதே வழியைக் கொண்டுவருவதானால், அந்த மின்கட்டணத்தை மாதாமாதம் யார் கட்டுவது என்பதையும் தாங்குதிறன் அறிக்கையின் முதற் பக்கத்திலேயே எழுதவேண்டியிருக்கும்.