மலேசியாவுக்கு விசா வேண்டாம், ஆனால் வெறுங்கையோடும் போக முடியாது

போன மாதம் நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் உட்காரும் ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். மகள் கிள்ளானில் இருக்கிறாள், பிரசவ நேரம். பிளாஸ்டிக் கவருக்குள் பாஸ்போர்ட், டிக்கெட், அப்புறம் நாலாக மடித்த ஒரு ரசீது: 'விசா சார்ஜ் 4,500'. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் நம்மிடம் விசாவே கேட்பதில்லை. சுற்றிப் பார்க்கவோ சொந்தக்காரர்களைப் பார்க்கவோ 30 நாள் வரை போகலாம், சலுகை 2026 டிசம்பர் 31 வரை இருக்கிறது. இல்லாத விசாவுக்குத்தான் அந்த அம்மா காசு கட்டியிருந்தார்.

விசா இல்லை என்றாலும் எம்டிஏசி என்று ஒரு டிஜிட்டல் வருகை அட்டை உண்டு. இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும், ஒரு பைசா கிடையாது. கூகுளில் தேடினால் காசு கேட்கும் தளங்களும் வரும், அரசுத் தளத்தின் முகவரி 'ஜிஓவி டாட் எம்ஒய்' என்று இருக்கும், அதைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். சென்னையிலோ திருச்சியிலோ ராத்திரி ஏறினால் விடிந்துதான் இறங்குவீர்கள், அதனால் வருகைத் தேதி என்ற இடத்தில் இறங்கும் நாளின் தேதியைப் போட வேண்டும். கிளம்பும் தேதியைப் போட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்து மாறாமல் இருக்கட்டும், இனிஷியலை உங்கள் இஷ்டத்துக்கு விரிக்காதீர்கள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

அடுத்து இ.சி.ஆர். நம்மூரில் அதைச் சொன்னால் கிழக்குக் கடற்கரைச் சாலைதான் ஞாபகம் வரும், இது வேறு. பத்தாவது தேறாதவர்கள், தேறியும் சான்று காட்டாதவர்கள் பாஸ்போர்ட்டில் விழும் முத்திரை இது. இந்த முத்திரை உள்ளவர்கள் வேலைக்குப் போனால் நம் அரசிடம் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டிய 18 நாடுகளில் மலேசியாவும் ஒன்று. சுற்றுலாவுக்கு அந்த அனுமதி தேவையில்லை, விதி தெளிவாகவே இருக்கிறது. ஆனாலும் நம்ம ஏர்போர்ட் கவுண்டரில் லுங்கி கட்டிய விவசாயியிடம் பத்து கேள்வி, பேண்ட் போட்டவரிடம் ஒரு கேள்வி. திரும்பி வரும் டிக்கெட்டைக் காகிதத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், போனில் இருக்கிறது என்று தேடிக்கொண்டு நிற்காதீர்கள்.

முத்திரையை எடுக்க வேண்டுமானால் பாஸ்போர்ட்டையே மறுபடி எடுக்க வேண்டும், 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய். பத்தாவது மார்க் ஷீட் ஒரிஜினல் கேட்பார்கள். தொலைந்துபோயிருந்தால் பள்ளிக்கூடம், தாலுகா ஆபீஸ், காவல் நிலையம் என்று நம்மை அலைய விட்டுவிட்டு, கடைசியில் 'ஆதாரில் விலாசம் வேற இருக்கே' என்பார்கள். புதுச்சேரி எல்லையான முள்ளோடைக்கு அந்தப் பக்கம் ஆதார், இந்தப் பக்கம் வாடகை வீடு என்று இருப்பவர்களுக்கு இது தீராத தலைவலி. போலீஸ் விசாரிக்க வரும்போது எந்த வீட்டில் இருப்பீர்களோ அந்த விலாசத்தைக் கொடுங்கள், அதற்குச் சான்றும் தயாராக வையுங்கள். 50 வயது தாண்டியவர்களுக்கு மார்க் ஷீட்டே வேண்டாம், வயதுச் சான்று போதும். இதைக் கவுண்டரில் யாரும் தானாகச் சொல்வதில்லை.

கோலாலம்பூரில் இறங்கியதும் எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள், செலவுக்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். பதில் சரியில்லை என்று அவர்களுக்குப் பட்டால் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அங்கே நின்று வாதாட முடியாது. அந்த அம்மாவுக்கு மகளின் முழு விலாசம், மாப்பிள்ளையின் போன் நம்பர், திரும்பும் தேதி மூன்றையும் ஒரே தாளில் ஆங்கிலத்தில் எழுதி, பாஸ்போர்ட்டுக்குள் செருகிக் கொடுத்தேன்.

இனி முக்கியமான விஷயம். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துப் பையன்களிடம் 'டூரிஸ்டாப் போ, அங்க போய் பர்மிட் மாத்திக்கலாம்' என்று சொல்லி லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள். தம்பிகளா, அந்தப் பேச்சை நம்பாதீர்கள். சுற்றுலாவாகப் போய் வேலை செய்வதே குற்றம், 30 நாள் தாண்டித் தங்கினால் குறைந்தது 10,000 ரிங்கிட் அபராதம் அல்லது ஐந்து வருடம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் விழலாம். முதலாளி சம்பளம் தராவிட்டாலும் போலீசில் போய்ச் சொல்லப் பயமாக இருக்கும், அதை வைத்துத்தான் பிழியவே செய்கிறார்கள். வேலைக்குத்தான் போகிறீர்கள் என்றால் ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். அதற்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

யார் கொடுத்தாலும், 'ஊறுகாய்தான், அண்ணனுக்குக் கொடுத்துடுங்க' என்றாலும், பிரித்துப் பார்க்காத பார்சலை எடுத்துப் போகாதீர்கள். அங்கே போதைப்பொருள் கடத்தலுக்குத் தூக்கு வரை போகலாம். பாஸ்போர்ட்டையும் யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள், முதல் பக்கத்தின் போட்டோவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு விமானம் ஏறுங்கள். தொலைந்தால் முதலில் அங்கே போலீசில் புகார், அந்த நகலோடு கோலாலம்பூர் இந்தியத் தூதரகம். அவசரத்துக்கு 999.