விமானியின் ஹெட்செட்: சத்தம் குறைந்தால் காது தப்பிவிட்டதா?

என்னிடம் செவித்திறன் பரிசோதனைக்கு வரும் விமானிகள் பலர் உட்காரும்போதே சொல்வது இது: "மெடிக்கல் பாஸ் ஆயிட்டேன், காதுல ஒண்ணும் இல்ல. சும்மா ஒரு தடவை பார்த்துடலாம்னு வந்தேன்." பாஸ் ஆனது உண்மைதான். ஆனால் அந்தத் தேர்வு எதைப் பார்க்கிறது என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.வின் விதிப்படி, முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழுக்கு 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்களில் கேட்புக் குறைவு 35 டெசிபலைத் தாண்டக் கூடாது. 3000 ஹெர்ட்ஸில் 50 டெசிபலைத் தாண்டக் கூடாது. வரம்பு அதோடு முடிகிறது. இரைச்சலால் கெடும் காது முதலில் அடிவாங்குவதோ பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய இடத்தில். ஆடியோகிராமில், அதாவது செவித்திறன் வரைபடத்தில், அங்கே மட்டும் கோடு பள்ளமாக இறங்கி, 8000-க்குப் போகும்போது மறுபடி ஏறும். இந்தப் பள்ளத்தோடு ஒருவர் பல வருடங்கள் தேர்ச்சி பெற்றுக்கொண்டே பறக்கலாம்.

வேலையிலும் அது தெரியாது. விமான வானொலியில் வரும் குரல் சுமார் 300 ஹெர்ட்ஸில் தொடங்கி மூவாயிரத்துச் சொச்சத்தோடு நின்றுவிடும். 4000-ல் காது மந்தமானவருக்கும் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் பேச்சு பழையபடியே கேட்கும். வீட்டில்தான் முதலில் பிடிபடும்: குழந்தைகளின் மெல்லிய குரல் புரியாது, நாலு பேர் சேர்ந்து பேசும் இடத்தில் "என்ன, என்ன?" என்று கேட்க வேண்டியிருக்கும். ராத்திரி அமைதியில் காதுக்குள் ஒரு ரீங்காரம் ஓடும். உள்காதின் நுண்மயிர் செல்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைப்பதில்லை. சிகிச்சை என்று என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை. தடுப்பு மட்டும்தான் உண்டு. அந்தத் தடுப்பின் பெரும்பகுதி தலையில் மாட்டும் ஹெட்செட்டில் இருக்கிறது.

தொழில்சார் நலத்துறையினர் பொதுவாக ஏற்கும் கணக்கு, 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அனுமதிக்கப்படும் நேரம் பாதியாகும். 94-ல் ஒரு மணி, 100-ல் கால் மணி. பிஸ்டன் என்ஜின் பொருத்திய சிறிய விமானங்களின் காக்பிட்டில் 90-க்கு மேல் இருப்பது சகஜம். டேக் ஆஃபில் இன்னும் ஏறும். ஹெட்செட் இல்லாமல் ஒரு பயிற்சிப் பறத்தல் முடிவதற்குள் அன்றைய அளவு தீர்ந்துவிடும்.

இப்போது பலரும் வாங்குவது ஏ.என்.ஆர். எனப்படும், மின்னணு முறையில் இரைச்சலை அழிக்கும் ஹெட்செட். காதுக் கிண்ணத்துக்குள் ஒரு சின்ன மைக் இருக்கும். உள்ளே நுழைந்த சத்தத்தை அது கேட்கும். மின்சுற்று அதற்கு நேரெதிரான அலையை உருவாக்கி ஒலிபெருக்கி வழியே விடும். இரண்டும் மோதி அடங்கும். இந்த யோசனை புதிதல்ல. பால் லூயெக் என்ற ஜெர்மானியர் 1930-களிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். விமானிகளின் தலைக்கு வர அரை நூற்றாண்டு பிடித்தது. போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தை நிறுவிய அமர் போஸ் 1978-ல் ஒரு விமானப் பயணத்தின்போது இதைப் பற்றிக் கணக்குப் போடத் தொடங்கினார். 1986-ல் எரிபொருள் நிரப்பாமல், தரையிறங்காமல் உலகைச் சுற்றிய வாயேஜர் விமானத்தில் டிக் ரூட்டனும் ஜீனா யேகரும் போஸ் நிறுவனத்தின் முன்மாதிரி ஹெட்செட்டுகளைப் பயன்படுத்தினார்கள். 1989-ல் அது விற்பனைக்கு வந்தது.

நான் அதிகம் பேச விரும்பும் விஷயம் இங்கேதான் இருக்கிறது. இந்த மின்னணு வேலை நன்றாக எடுபடுவது தாழ்ந்த அதிர்வெண்களில் மட்டுமே: என்ஜினின் உறுமல், புரொப்பெல்லரின் அடி. சில நூறு ஹெர்ட்ஸைத் தாண்டினால் அதன் பலன் வேகமாகக் குறைந்துவிடும். ஆயிரத்துக்கு மேல் காற்றின் சீறலையும் கிறீச்சொலியையும் தடுப்பது கிண்ணமும், அதன் ஓரத்தில் உள்ள மெத்தையும், அது கன்னத்தோடு ஒட்டி உட்காரும் இறுக்கமும்தான். ஸ்விட்சைப் போட்டதும் உறுமல் மறையும், 'அப்பாடா' என்றிருக்கும். அந்த நிம்மதியை வைத்து, காதுக்கு முழுப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைப்பது தவறு. களைப்பு குறையும், உண்மை. நீண்ட பறத்தலில் அது பெரிய விஷயம்தான். ஆனால் மெத்தையில் இடைவெளி இருந்தால் உயர்ந்த அதிர்வெண் சத்தம் தடையின்றி உள்ளே வரும். தாழ்ந்த அதிர்வெண் சத்தமும் கசிவதால் ஏ.என்.ஆரும் திணறும்.

இடைவெளி எங்கிருந்து வருகிறது? முதல் குற்றவாளி கண்ணாடி. தடித்த ஃபிரேமின் காம்பு மெத்தையைத் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் சந்து விடும். மெல்லிய, தட்டையான காம்புள்ள கண்ணாடி பறப்பதற்கென்றே ஒன்று வைத்துக்கொள்வது ஆடம்பரம் இல்லை. காதுக்கு மேல் சிக்கும் முடி, அடர்ந்த கிருதா, தொப்பியின் ஓரம் எல்லாம் இதே வேலையைச் செய்யும். தொப்பி உச்சியில் உள்ள பொத்தான் வேறு வகை: அது ஹெட்செட்டின் வளையத்துக்கு அடியில் மாட்டி மண்டையைக் குடையும், வலி தாங்காமல் விமானி வளையத்தைத் தளர்த்துவார், இறுக்கம் போய்விடும். அப்புறம் மெத்தையே. வியர்வையிலும் வெயிலிலும் அது விறைத்து வெடிக்கும். விலை உயர்ந்த ஹெட்செட்டில் பாறையாக இறுகிப்போன மெத்தையைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வரும். மாற்ற ஐந்து நிமிடம் ஆகாது.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. என்ஜின் ஓடும்போது இரண்டு கிண்ணங்களையும் உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள். சத்தம் சட்டென்று குறைந்தால், எங்கோ கசிகிறது.

கசிவின் அடுத்த கட்டம் இன்னும் மோசம். சத்தம் உள்ளே வந்தால் வானொலி புரியாது. விமானி ஒலியளவைக் கூட்டுவார். இப்போது காதைக் கெடுப்பது என்ஜின் மட்டுமில்லை, ஹெட்செட்டின் ஒலிபெருக்கியும்தான். அதனால் வரிசை முக்கியம்: முதலில் கிண்ணம், வளையம், மெத்தை எல்லாம் சரியாக உட்கார வேண்டும். ஏ.என்.ஆர். போட வேண்டும். கடைசியாகத்தான் ஒலியளவு, அதுவும் பேச்சு தெளிவாகப் புரியும் மிகக் குறைந்த அளவில். விமானத்துக்குள் பேசிக்கொள்ள உதவும் இன்டர்காமில், யாரும் பேசாதபோது மைக்கை அடைத்துவைக்கும் ஸ்குவெல்ச்சைச் சரியாக வைக்காவிட்டால் எல்லோருடைய மைக்கும் திறந்தே கிடந்து, காக்பிட் இரைச்சல் மொத்தமும் பெருக்கப்பட்டு உங்கள் காதுக்கே வரும். பலர் இதைக் கவனிப்பதில்லை.

மைக் பற்றியும் ஒரு வார்த்தை. அதற்கு முன்புறமும் பின்புறமும் துளை உண்டு. தூரத்துச் சத்தம் இரண்டிலும் ஏறக்குறைய சமமாக நுழைந்து தன்னைத்தானே கழித்துக்கொள்ளும். உதட்டருகிலிருந்து வரும் குரல் ஒரு துளையில் மட்டும் பலமாக விழும். மைக்கைத் தாடைக்கு இறக்கிவிட்டால் உங்கள் குரலும் தூரத்துச் சத்தமாகிவிடும், அதுவும் கழிந்துபோகும். உதட்டின் ஓரத்தில், ஏறக்குறைய தொடும் தூரத்தில், பேசும் பக்கம் வாயைப் பார்த்தபடி இருக்க வேண்டும். கத்திப் பேச வேண்டிய அவசியமே வராது.

விமானத்தின் எச்சரிக்கை ஒலிகளையும் ஹெட்செட் மறைத்துவிடாதா என்ற கேள்வி நியாயமானது. அமெரிக்காவின் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் எஃப்.ஏ.ஏ. அமைப்பே 2007-ல் இதைப் பற்றி விமானங்களை இயக்கும் நிறுவனங்களுக்குத் தகவல் குறிப்பு வெளியிட்டது: ஹெட்செட் வழியாக வராத எச்சரிக்கைகள் இரைச்சல் குறைக்கும் ஹெட்செட்டில் காதுக்கு எட்டாமல் போகலாம். உதாரணத்துக்கு, செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தின் ஸ்டால் எச்சரிக்கை (இறக்கை தூக்கும் விசையை இழக்கப் போவதைச் சொல்வது), இறக்கையின் முன்விளிம்புத் துளையில் காற்று உறிஞ்சப்படும்போது ஊதும் ஒரு பீப்பி. அதற்கும் இன்டர்காமுக்கும் சம்பந்தமில்லை. இதற்காக ஹெட்செட்டைக் கழற்ற வேண்டாம். நீங்கள் பறக்கும் விமானத்தில் எந்தெந்த எச்சரிக்கை ஹெட்செட்டுக்குள் வருகிறது, எது காக்பிட்டில் மட்டும் ஒலிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். புது ஹெட்செட் வாங்கியதும், பயிற்சியாளரோடு போகும் ஒரு பறத்தலில் அவை கேட்கின்றனவா என்று சோதித்துவிடுங்கள்.

பேட்டரி தீர்ந்தால் என்ன ஆகும்? நல்ல ஹெட்செட்டில் மின்னணு வேலை நின்றாலும் பேச்சு வரும், கிண்ணத்தின் தடுப்பும் இருக்கும். திடீரென்று உறுமல் திரும்புவதால் தூக்கிவாரிப்போடும், அவ்வளவுதான். அது டேக் ஆஃபில் நடக்காமல் இருக்கப் பேட்டரியை முன்கூட்டியே மாற்றுங்கள். பாட்டு கேட்க வாங்கிய ஹெட்போனில் மைக்கை ஒட்டவைத்துப் பறப்பவர்களும் இருக்கிறார்கள். அதன் மெத்தை மென்மையானது, பிடியும் லேசானது. காக்பிட்டுக்கான தடுப்பு அதில் கிடையாது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஹெலிகாப்டர் ஓட்டுபவர்களுக்கும், கதவைத் திறந்துவைத்துப் பறப்பவர்களுக்கும் இரட்டைப் பாதுகாப்பைப் பரிந்துரைக்கிறேன்: உள்ளே நுரை அடைப்பான், மேலே ஹெட்செட். "அப்போ ரேடியோ கேட்காதே" என்பார்கள். அடைப்பான் இரைச்சலையும் பேச்சையும் சேர்த்தே குறைக்கிறது. ஒலியளவைக் கொஞ்சம் கூட்டினால் பேச்சு மட்டும் எழும்பி வரும், இரைச்சல் அடங்கியே இருக்கும். காதுப்பறைக்குப் போய்ச் சேரும் மொத்தச் சத்தம் முன்பைவிடக் குறைவு.

பெரிய விமானங்களில் வேறொரு பழக்கம்: பக்கத்து இருக்கைக்காரரோடு பேசுவதற்காக ஒரு காதைத் திறந்து வைப்பது. அந்தக் காதுக்குக் காக்பிட் இரைச்சல் நேராகப் போகும். மூடிய காதில் வானொலியைக் கூட்டி வைப்பார்கள். இரண்டு காதும் ஒரே மாதிரி இல்லாத ஆடியோகிராம் வந்தால், எந்த இருக்கையில் எத்தனை வருடம் உட்கார்ந்தீர்கள் என்று கேட்பேன். (ஒரு பக்கம் மட்டும் வேகமாகக் குறைந்தால் அதற்கு வேறு நோய்க் காரணமும் இருக்கலாம், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன்.) இன்டர்காம் இருக்கும்போது இரண்டு காதையும் மூடிக்கொண்டு பேசலாமே.

பரிசோதனைக்கு வரும்போது ஒன்றைப் பாருங்கள்: பறந்து இறங்கிய கையோடு வர வேண்டாம். சத்தத்தால் தற்காலிகமாக மந்தமான காது உண்மை நிலையைக் காட்டாது. குறைந்தது 14 மணி நேரமாவது இரைச்சல் இல்லாமல் இருந்துவிட்டு வாருங்கள். 3000-ஓடு நிறுத்தாமல் 4000, 6000, 8000 ஹெர்ட்ஸையும் அளக்கச் சொல்லுங்கள். பயிற்சியில் சேரும்போது எடுத்த முதல் ஆடியோகிராமின் நகல் இருந்தால் கட்டாயம் கொண்டுவாருங்கள். 'பாஸ்' என்ற முத்திரையைவிட, அந்தக் கோட்டுக்கும் இன்றைய கோட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எனக்கு உதவும்.