சனி இரவு சுவிஸ் நேரம், திங்கள் காலை கிளிநொச்சி நேரம்

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போன் பார்ப்பீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலானோர் ஒரே ஒரு எண்ணைத்தான் சொல்வார்கள். "இரண்டு, மூன்று மணித்தியாலம் வரும்." அந்த எண் பெரும்பாலும் எந்த நாளுக்கும் பொருந்தாது. கிழமை நாட்களில் 2 மணித்தியாலமும் சனி, ஞாயிறில் 6 மணித்தியாலமும் பார்க்கிற ஒருவருக்குப் போன் காட்டுகிற ஏழு நாள் சராசரி 3 மணித்தியாலம் 9 நிமிடம். அப்படி ஒரு நாள் அவருடைய கிழமையில் இல்லவே இல்லை.

உளவளத்துணைக்கு வருகிற குடும்பங்களிடம் சராசரியை விட்டுவிட்டு நாளைப் பிரித்துக் கேட்கும்போதுதான் விஷயம் தெளிகிறது. கிழமை நாளில் கெடுவது கவனம். சனி, ஞாயிறில் கெடுவது நித்திரை. இவை இரண்டு வேறு பிரச்சினைகள். "ஏழு நாளும் ஒரு மணித்தியாலம்தான்" என்று வீட்டில் ஒரே சட்டம் போட்டால் அது இரண்டையும் திருத்தாது. இரண்டாம் கிழமையே சட்டம் உடைந்து, சண்டை மட்டும் மிஞ்சும்.

முதலில் போனையே கேளுங்கள்

அன்ட்ரொயிட் போனில் செட்டிங்ஸ் திறந்து 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்பதற்குள் போனால் 'டாஷ்போர்ட்' இருக்கும். ஐபோனில் செட்டிங்ஸ், பிறகு 'ஸ்கிரீன் டைம்', அதற்குள் முழு விபரம். இரண்டிலும் நாளுக்கு ஒரு தூண் என்று வரைபடம் வரும். இரண்டு கிழமைக்கு ஒவ்வொரு நாளும் மூன்று விடயங்களைக் கொப்பியில் எழுதுங்கள்: மொத்த நேரம், போனைத் திறந்த தடவைகள், அதிக நேரம் எடுத்த இரண்டு செயலிகள். பக்கத்தில் நித்திரைக்குப் போன நேரமும் எழும்பிய நேரமும்.

எழுதும்போது இரண்டு இடத்தில் ஏமாறலாம். முதலாவது நள்ளிரவுக் கணக்கு. போனுக்கு நாள் என்பது இரவு 12 மணிக்கு முடிகிறது. வெள்ளி இரவு 11 மணிக்குத் தொடங்கி 2 மணி வரை பார்த்தால் ஒரு மணித்தியாலம் வெள்ளித் தூணிலும் இரண்டு மணித்தியாலம் சனித் தூணிலும் விழும். சனித் தூண் உயரமாக இருக்கிறதே என்று சனிப் பகலைக் குற்றம் சொல்லுவோம். உண்மையில் போனது வெள்ளி இரவு. செயலிக்கு நேரக் கட்டுப்பாடு போட்டவர்களுக்கும் இதே ஓட்டைதான். ஒரு மணித்தியாலம் என்று போட்ட கட்டுப்பாடு 12 மணிக்குப் புதிதாகத் தொடங்கும், முழித்திருக்கிற பிள்ளைக்கு இன்னொரு மணித்தியாலம் கிடைத்துவிடும். சில டேட்டா பொதிகளில் இரவு டேட்டா என்று தனியாகத் தருவதும் நள்ளிரவுக்குப் பிறகுதான். மற்றவர்கள் எல்லாரும் படுத்த நேரத்தில் கட்டுப்பாடும் தளர்ந்து, டேட்டாவும் கூடுகிறது.

இரண்டாவது, எல்லா நிமிடமும் ஒரே நிமிடம் இல்லை. அம்மம்மா கனடாவில் இருக்கிற மகனோடு வட்ஸ்அப் வீடியோவில் கதைத்த 50 நிமிடமும், அதே போனில் பேரன் டிக்டொக் தள்ளிய 50 நிமிடமும் வரைபடத்தில் ஒன்றுபோலத்தான் நிற்கும். சமைக்கும்போது யூடியூப்பில் ஓடவிட்ட பக்திப் பாட்டும் திரை எரிந்துகொண்டிருந்தால் கணக்கில் சேரும். ஆட்களோடு கதைத்த நேரத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்.

கிழமை நாள்: துண்டு துண்டாக

கிழமை நாட்களில் மொத்த நேரம் குறைவாக இருக்கும், திறந்த தடவைகள் கூடுதலாக இருக்கும். விடிய எழும்பினவுடன், பஸ்ஸுக்கு நிற்கும்போது, இடைவேளையில், அலுவலகத்தில் ஒரு கோப்புக்கும் அடுத்த கோப்புக்கும் நடுவில் என்று இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். விழித்திருக்கிற 15 மணித்தியாலத்தில் 90 தடவை திறந்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை. ஒரு கணக்கைச் செய்து முடிக்கவோ ஒரு கடிதத்தை எழுதி முடிக்கவோ பத்து நிமிடம் போதாது. "வேலை கூடிப்போச்சு" என்று சொல்கிற உத்தியோகத்தர்கள் பலருக்கு வேலை கூடவில்லை, ஒரே வேலையை நாலு தரம் தொடங்குகிறார்கள்.

இதற்கு நேரக் கட்டுப்பாடு உதவாது, ஏனென்றால் நேரம் ஏற்கெனவே குறைவு. குறைக்க வேண்டியது அறிவிப்புச் சத்தத்தை. வட்ஸ்அப்பில் குழுவைத் திறந்து மேலே பெயரைத் தொட்டால் அறிவிப்பை 8 மணித்தியாலத்துக்கு, ஒரு கிழமைக்கு, எப்போதும் என்று நிறுத்தும் இடம் வரும். வேலைக் குழுவையும் பிள்ளையின் வகுப்புக் குழுவையும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் 'எப்போதும்' என்பதைப் போடுங்கள். செய்தி வந்துகொண்டுதான் இருக்கும், நீங்கள் நினைத்த நேரத்தில் பார்க்கலாம். பழைய மாணவர் குழு, கோயில் குழு, ஊர்க் குழு, காலை வணக்கப் படங்கள் வருகிற குழு எல்லாம் மத்தியானம் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் பார்த்தால் எதுவும் தவறிப் போகாது.

சனி, ஞாயிறு: ஒரே நீட்டாக

சனி, ஞாயிறில் படம் மாறுகிறது. திறக்கிற தடவைகள் குறையும், ஆனால் திறந்தால் கீழே வைப்பதில்லை. கட்டிலில் படுத்தபடி ஒன்றரை, இரண்டு மணித்தியாலம். காலையில் எழும்பாமலே ஒரு நீட்டு, இரவு ஒரு நீட்டு.

வன்னியில் இதற்கு மற்ற இடங்களில் அவ்வளவு தெரியாத இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, போன் வீட்டில் நிற்பது. பல வீடுகளில் நல்ல போன் ஒன்றுதான். கிழமை நாளில் அது அப்பாவோடு வேலைக்குப் போகும், அல்லது அம்மாவோடு ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும். விடுமுறையில் அது மேசையில் கிடக்கும். பிள்ளை திடீரென்று கெட்டுப்போகவில்லை, போன் கைக்கு எட்டுகிறது, அவ்வளவுதான். தனிப் போன் வைத்திருக்கிற பிள்ளைக்குச் சொல்லுகிற ஆலோசனை இந்த வீட்டுக்குச் சரிவராது.

மற்றக் காரணம் வெளிநாட்டு உறவுகளின் ஓய்வு நாள். அவர்களுடைய சனி மாலைதான் எங்களுடைய சனி நள்ளிரவு. குளிர்காலத்தில் லண்டனில் இரவு 8 மணி என்றால் இங்கே ஞாயிறு அதிகாலை 1:30. சூரிச்சிலோ பாரிஸிலோ இரவு 9 மணி என்றாலும் இங்கே அதே 1:30தான். கோடையில் ஒரு மணித்தியாலம் முந்தும். ஐரோப்பாவில் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் கனடாவில் நவம்பர் முதல் ஞாயிறும் மணிக்கூட்டைப் பின்தள்ளுவார்கள். மாமா வழக்கமாக எடுக்கிற அதே நேரத்தில்தான் எடுப்பார், இங்கே அது ஒரு மணித்தியாலம் பிந்திவிடும். நவம்பரில் பிள்ளை திடீரென்று பிந்திப் படுக்கத் தொடங்கினால் இதையும் ஒரு தரம் யோசியுங்கள்.

பரந்தனிலோ தருமபுரத்திலோ ஒரு சனி இரவை நினைத்துக்கொள்ளுங்கள். போன் சீனிப் போத்தலில் சாய்ந்து நிற்கிறது. அம்மா கதைத்தார், அம்மம்மா கதைத்தார், பிள்ளைகள் மாமாவின் புது வீட்டைப் பார்த்தார்கள். 12:40க்கு "சரி, படுங்கோ பிள்ளையள்" என்று மாமா வைக்கிறார். அம்மா கதவைப் பூட்டப் போகிறார். போன் இப்போது மூத்தவளின் கையில். திரை எரிந்தபடி இருக்கிறது, பெருவிரல் தானாக அடுத்த செயலிக்குப் போகிறது. அவள் படுக்கும்போது 2 மணி. விடிய அம்மா சொல்வது "மாமாவோட கதைச்சுத்தான் பிந்தினது" என்று. மாமாவோடு கதைத்தது 12:40 வரை. பிந்திய மிச்சம் வேறு.

அழைப்பை வெட்டச் சொல்லவில்லை. பிள்ளைகளைப் பிரிந்த தாய்க்கு அந்த முகம் மருந்து. நேரத்தை மாற்றலாம். லண்டனில் பின்னேரம் 2 மணிக்கு எடுத்தால் இங்கே இரவு 7:30, கோடையில் 6:30. ரொறன்ரோவில் சனி காலை 9 மணி என்றால் இங்கே சனி இரவு 7:30, கோடையில் 6:30. அவர்களின் சனி இரவு 9 மணி எங்களின் ஞாயிறு காலை 7:30, எல்லாரும் தேத்தண்ணியோடு இருக்கிற நேரம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு தடவை சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள், இங்கே பிள்ளை நித்திரை கெடுகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. நேரம் மாற்ற வழியே இல்லாவிட்டால், அழைப்பு முடிந்ததும் போனை வாங்குகிற ஆள் யார் என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

திங்கள் காலை ஏன் அப்படி

10:30க்குப் படுத்து 5:30க்கு எழும்புகிற பிள்ளையின் நித்திரையின் நடுப்புள்ளி இரவு 2 மணி. அதே பிள்ளை சனி இரவு 1:30க்குப் படுத்து ஞாயிறு 9 மணிக்கு எழும்பினால் நடுப்புள்ளி 5:15. வித்தியாசம் 3 மணித்தியாலம் 15 நிமிடம். ஜெர்மன் ஆய்வாளர்கள் 2006 இல் இந்த வித்தியாசத்துக்கு 'சோஷியல் ஜெட்லாக்' என்று பெயர் வைத்தார்கள், விமானத்தில் போய் வந்தவருக்கு வருகிற நேரக் குழப்பம் ஊரைவிட்டு அசையாமலே வருகிறது என்பதால். கோடையில் சுவிஸுக்கும் எங்களுக்கும் உள்ள வித்தியாசம் மூன்றரை மணித்தியாலம். அந்தப் பிள்ளை கிட்டத்தட்ட ஒவ்வொரு வெள்ளியும் சுவிஸுக்குப் போய்த் திங்கள் 7:30 பாடசாலைக்குத் திரும்பி வருகிறது.

இதில் நித்திரை குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். கிழமை நாளில் 7 மணித்தியாலம், ஞாயிறில் ஏழரை. "அவன் நல்லாத்தானே படுத்தவன்" என்று தாய் சொல்வதும் உண்மை. ஆனால் உடலின் கடிகாரம் பின்னுக்குப் போய்விட்டது. மனித உடற்கடிகாரத்தின் ஒரு சுற்று 24 மணித்தியாலத்தைவிடச் சற்றுக் கூட, அதனால் பின்னுக்குத் தள்ளுவது இலகு, முன்னுக்கு இழுப்பது கடினம். பதின்ம வயதில் அது இயல்பாகவே இன்னும் பின்னுக்கு நிற்கும். ஞாயிறு இரவு 10:30க்குப் படுக்கப் போட்டால் நித்திரை வராது, வராத நேரத்தில் கை போனைத் தேடும், திங்கள் 5:30க்கு எழுப்பினால் எரிந்து விழும். செவ்வாய், புதன் வரை இந்த இழுபறி போகும். பிறகு மீண்டும் வெள்ளி. 13 முதல் 18 வயது வரையானோருக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், கிழமை நாளின் 7 மணித்தியாலமே போதாது.

வற்றாப்பளை அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கலுக்கு இரவு முழுக்க விழித்திருந்து வருகிறோம், ஒன்றும் ஆவதில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. அது வருடத்தில் ஓரிரவு. இது 52 கிழமை.

திருத்தவேண்டிய இடம் படுக்கிற நேரத்தைவிட எழும்புகிற நேரம்தான். விடுமுறையில் வழக்கத்தைவிட ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிந்தாமல் எழும்ப வேண்டும், 5:30 என்றால் 6:30. எழும்பினவுடன் முற்றத்துக்கு வரவேண்டும், கிணற்றடியில் முகம் கழுவினாலே போதும், காலை வெளிச்சம்தான் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும். பகலில் களைத்தால் 3 மணிக்கு முன் 20, 30 நிமிடம் படுக்கலாம். மூன்றாம், நாலாம் கிழமையில் திங்கள் காலைச் சண்டை குறைவது தெரியும். முதல் ஞாயிறு கட்டாயம் அழுகையாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துவிட்டுக் கைவிடாதீர்கள்.

போனில் செய்யக்கூடியது, செய்ய முடியாதது

ஐபோனில் செயலிக் கட்டுப்பாட்டை நாளுக்கு நாள் வேறாகப் போடலாம். டிக்டொக்கின் உள்ளேயும் அந்த வசதி உண்டு. அன்ட்ரொயிட்டில் சாதாரண செயலிக் கட்டுப்பாடு எல்லா நாளுக்கும் ஒன்றுதான், ஆனால் 'பெட்டைம் மோட்' எந்தெந்த நாள், எத்தனை மணி என்று தெரிவு செய்யலாம். வெள்ளி, சனி இரவுகளுக்கு 11 மணி முதல் என்று போடுங்கள். திரை கறுப்பு வெள்ளையாகிவிடும், வீடியோக்களின் கவர்ச்சி குறையும். பிள்ளைக்குத் தனிப் போனும் தனி கூகுள் கணக்கும் இருந்தால் 'பேமிலி லிங்க்' மூலம் பெற்றோர் தங்கள் போனிலிருந்தே கிழமையின் ஒவ்வொரு நாளுக்கும் வேறு வேறு அளவு வைக்கலாம்.

ஒரே போனை எல்லாரும் பாவிக்கிற வீட்டில் இவை எதுவும் ஓடாது. கட்டுப்பாடு தாய்க்கும் விழும், அல்லது பிள்ளையே அதைக் கழற்றிவிடும், பூட்டின் கோலம் எல்லாருக்கும் தெரியும்தானே. அங்கே இடம்தான் கட்டுப்பாடு. சார்ஜரைப் படுக்கை அறையிலிருந்து எடுத்து விறாந்தையில் அல்லது சாமியறைப் பக்கத்தில் நிரந்தரமாக வையுங்கள். எழுப்புவதற்குப் போன் வேண்டும் என்பவர்களுக்கு மேசை மணிக்கூடு ஒன்று வாங்குங்கள். ஆசிரியர் விடுமுறையில் வட்ஸ்அப்பில் அனுப்புகிற பயிற்சியைப் பின்னேரம் 4 மணிக்கு ஒரு தடவை திறந்து கொப்பியில் எழுதி எடுக்கச் சொல்லுங்கள், கணக்கைக் கொப்பியைப் பார்த்துச் செய்யட்டும்.

வயலில் இருப்பவர்களுக்குச் சனி, ஞாயிறு என்று ஒன்றில்லை. காலபோக நெல் வெட்டுக் காலத்தில் ஏழு நாளும் வேலை நாள், யானைக்கு விழித்திருக்கும் காவல் கொட்டிலில் போன்தான் துணை. அவர்கள் கிழமையை விட்டுவிட்டுக் காவல் இரவு, காவல் இல்லாத இரவு என்று பிரித்து எழுத வேண்டும். பார்க்க வேண்டியது ஒன்றே: காவல் இல்லாத இரவிலும் அதே நேரம் வரை போன் எரிகிறதா?

மே மாதம் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 18ஆம் திகதி நெருங்க 2009 இன் படங்களும் வீடியோக்களும் எல்லாப் பக்கத்திலும் வரும். உறவுகளை இழந்தவர் விடுமுறை நாளில் தனியாக, நள்ளிரவில், படுத்தபடி அவற்றைப் பார்ப்பதும், பகலில் ஆட்களோடு இருந்து நினைவுகூர்வதும் ஒன்றல்ல. பார்க்கவேண்டாம் என்று யாருக்கும் சொல்ல முடியாது. பேஸ்புக்கில் செட்டிங்ஸ் போய் 'மீடியா' என்ற இடத்தில் வீடியோ தானாக ஓடுவதை நிறுத்திவிடலாம். அதன்பிறகு நீங்கள் தொட்டால்தான் ஓடும், எதை எப்போது பார்ப்பது என்பது உங்கள் கையில் இருக்கும்.

நாலு கிழமை முயன்றும் நித்திரை திரும்பாவிட்டால், பிள்ளை பாடசாலைக்குப் போக மறுத்தால், போனை வாங்கும்போது தன்னைக் காயப்படுத்துவேன் என்று சொன்னால் அதைப் போன் பிரச்சினை என்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரையோ மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவையோ கேளுங்கள். தேசிய உளநல உதவி இலக்கம் 1926, சிறுவர் உதவி இலக்கம் 1929. போகும்போது அந்த இரண்டு கிழமைக் கொப்பியையும் கொண்டு போங்கள். எந்த இரவில் எத்தனை மணிக்கு என்று எழுதியிருந்தால் முதல் நாளே வேலையைத் தொடங்கிவிடலாம்.