டொக்டர், உங்களை உரைத்துப் பார்த்தது யார்?

மேசையில் மூன்று மூக்குக்கண்ணாடிகள் வரிசையாக இருந்தன. சொப்பிங் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, சட்டை நுனியால் துடைத்து, வாடிக்கையாளருக்கு நகை காட்டுவதுபோல அவர் வைத்திருந்தார். செட்டியார் தெருவில் நாற்பது வருடத்துக்கு மேல் நகைப் பட்டறை நடத்தியவர். பதினெட்டு மாதத்தில் மூன்று கண்ணாடி, மூன்றும் ஒரே கடையில்.

"கண் டொக்டர் பார்த்துத்தான் எழுதித் தந்தார், பிள்ளை. ஆனாலும் ஏதோ சரியில்லை."

(ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

எழுத்துப் பலகையைக் கடைசிக்கு முந்திய வரி வரை தடுமாறாமல் வாசித்தார். அந்தக் கடையிலும் இப்படித்தான் வாசித்திருப்பார்; அதனால்தான் எவருக்கும் சந்தேகம் எழவில்லை. கண்ணைப் பெருப்பித்துக் காட்டும் ஸ்லிட் லாம்பில் நாடியை வைக்கச் சொல்லி, மரப்புச் சொட்டு விட்டு, நீல வெளிச்சத்தில் கண் அழுத்தத்தை அளந்தேன். பொதுவாக 10க்கும் 21க்கும் இடையில் நிற்க வேண்டிய அளவு, வலது கண்ணில் 34, இடது கண்ணில் 31. பார்வை நரம்பின் நடுக்குழி இரண்டு கண்ணிலும் கிண்ணம்போலக் குடைந்து விரிந்திருந்தது. குளுக்கோமா. நடுப்பார்வையைக் கடைசிவரை விட்டுவைத்து, ஓரங்களில் இருந்து அரித்துக்கொண்டு வரும் நோய். வலியும் இல்லை, சிவப்பும் இல்லை.

பார்வைப் புலப் பரிசோதனைத் தாளில் கறுத்துக் கிடந்த இடங்களைக் காட்டி விளக்கியபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "ஒரு வருடமாகப் பட்டறையில் சின்னக் கற்கள் கைதவறி உருண்டால் கண்ணில் படவேயில்லை. வேலைக்கு நின்ற பெடியன் எடுக்கிறான் என்று நினைத்து அவனை நிறுத்திவிட்டேன்."

குளுக்கோமாவில் போன பார்வை திரும்பாது. மிஞ்சியதைச் சொட்டு மருந்தாலும், தேவையானால் லேசராலும் சத்திரசிகிச்சையாலும் காக்கலாம். அதை அவருக்குச் சொல்லிவிட்டு, அந்தக் "கண் டொக்டர்" யார் என்று கேட்டேன். விசாரித்ததில், கண்ணாடிக் கடையில் பார்வை அளப்பவர் என்று தெரிந்தது. அவர் தன்னை டொக்டர் என்று ஒருபோதும் சொல்லவில்லை. வெள்ளைக் கோட்டும் கதவில் இருந்த பெயர்ப் பலகையும் அவருக்காகச் சொல்லிவிட்டன. அவரை முழுதாகக் குறை சொல்லவும் மாட்டேன். கண்ணாடியின் இலக்கத்தைக் கண்டுபிடிப்பது அவருடைய தொழில். அளந்து பார்த்தேன், மூன்றும் சரியான இலக்கம்தான். மூன்றாவது தடவையும் அதே முறைப்பாட்டோடு வந்த மனிதரை நிபுணரிடம் அனுப்பாததே பிழை.

பட்டறை ஐயாவின் பெறாமகன் நியூ ஜேர்சியில் இருக்கிறார். என்னிடம் வருவதற்கு முதல்நாள் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாராம்: போகிற டொக்டர் போர்ட் சான்று பெற்றவரா? ஐயா பதில் எழுதியிருக்கிறார்: "போர்ட் கதவிலேயே இருக்கிறது, படம் எடுத்து அனுப்புகிறேன்."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஆனால் விடவில்லை. "நாங்கள் பவுணை உரைகல்லில் உரைத்துப் பார்த்துத்தான் மாற்றுச் சொல்லுவோம். உங்களை உரைத்துப் பார்த்தது யார்?"

இருபது வருடத் தொழிலில் எந்த நோயாளியும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. அன்று அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அந்த போர்ட் பலகை அல்ல, சபை. இலங்கையில் விசேட வைத்திய நிபுணர்களைப் பயிற்றுவித்துச் சான்று தரும் பொறுப்பு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின்படிப்பு மருத்துவ நிறுவகத்துடையது. எங்கள் வாயில் அது பி.ஜி.ஐ.எம்.; பழைய நொரிஸ் கெனால் வீதியில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு துறைக்கும் ஒரு கற்கைச் சபை உண்டு. கண் மருத்துவக் கற்கைச் சபை ஏற்றுக்கொண்டால்தான் ஒருவர் இங்கே கண் நிபுணராகச் சான்று பெறுகிறார்.

அந்த இடத்துக்கு வர எவ்வளவு காலம்? மருத்துவபீடத்தில் 5 வருடம், பிறகு ஒரு வருட உள்ளகப் பயிற்சி. அதை முடித்தால் இலங்கை மருத்துவ சபையில் முழுப் பதிவு. இந்த இடத்தில் ஒருவர் வைத்தியர். கண் வைத்தியர் அல்ல. அதன் பிறகுதான் தெரிவுப் பரீட்சை, ரெஜிஸ்ட்ரார் என்ற பயிற்சி வைத்தியராக வருடக் கணக்கில் பயிற்சி, எம்.டி. என்ற பட்டப்பின்படிப்புப் பரீட்சை, அதற்கும் மேல் சீனியர் ரெஜிஸ்ட்ராராக உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பயிற்சி. உயர்தரப் பரீட்சையை நான் எழுதிய நாளிலிருந்து சான்று கைக்கு வந்த நாள் வரை எண்ணினால் பதினேழு வருடம். அம்மா அதை விரல்விட்டு எண்ணி, "இதற்குள் ஒரு பிள்ளையை வளர்த்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருக்கலாம்" என்றார்.

வருடங்களைவிட அந்த வருடங்களில் நடப்பதுதான் முக்கியம். முதலில் ஆட்டுக்கண்ணில் தையல் பழகினோம். இறைச்சிக் கடையில் ஆட்டுக்கண் மட்டும் கேட்டு வாங்குகிற பெண்ணை அந்தக் கடைக்காரர் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பிறகு தியேட்டரில் மூத்தவரின் பக்கத்தில் உட்கார்ந்து, அதே நுணுக்குக்காட்டியின் இரண்டாவது குழாய்வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கண்புரைச் சத்திரசிகிச்சையின் முதல் படி கைக்கு வரும். அதைச் சரியாகச் செய்தால் அடுத்த படி. வில்லையைச் சுற்றியிருக்கும் உறையின் முன்பக்கத்தில் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் அகலத்தில் வட்டமாக ஒரு வாசல் கிழிக்க வேண்டும். கிழிசல் ஓரத்துக்கு ஓடத் தொடங்கினால் மூத்தவர் குரலை உயர்த்தமாட்டார். "கையை எடுங்கள்" என்று மெதுவாகச் சொல்லுவார். அந்த இரண்டு சொல்லுக்குப் பயந்து தூக்கம் வராத இரவுகள் உண்டு. பின்பக்க உறை இன்னும் மெல்லியது. அது கிழிந்தால் கிழிந்தது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். என் பதிவேட்டிலும் அப்படி எழுதிய பக்கங்கள் இருக்கின்றன.

எம்.டி. பரீட்சையில் தேறிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று வெளியில் நினைக்கிறார்கள். முடியவில்லை. சான்றுக்கு முன்னதாக இன்னொரு மதிப்பீடு உண்டு. செய்த சத்திரசிகிச்சைகள், வந்த சிக்கல்கள், செய்த ஆய்வு, பிழையிலிருந்து கற்றது என எல்லாவற்றையும் ஒரு தொகுப்பேடாகக் கொடுத்து, அதை வைத்துக் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். கூட வேலை செய்பவர்களும் நம்மைப் பற்றி எழுதிக் கொடுப்பார்கள்: சக வைத்தியர்கள், தாதியர். எவர் என்ன எழுதினார் என்று நமக்குத் தெரியாது. இதைக் கேட்டதும் ஐயாவின் முகம் மலர்ந்தது. "மிஸ்மாரிடமும் கேட்பார்களா? அப்படியென்றால் சரி. பட்டறையில் முதலாளி எப்படி என்று வேலைக்காரனிடம்தான் கேட்க வேண்டும்."

வெளிநாட்டுப் பயிற்சி என்றதும் ஒரு கசப்பான குறிப்பு. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்த நாட்டை விட்டுப் போன வைத்தியர்கள் பலர், நிபுணர்களும் அவர்களில் அடக்கம். அவர்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கிராமத்து வைத்தியசாலையில் ஒரு நிபுணரின் கதிரை வெறுமையானால், அந்த இடத்தை வீதியோரப் பெயர்ப் பலகைகள் நிரப்பிவிடும்.

இனி நியூ ஜேர்சிக்கு. பெறாமகன் கேட்டது அமெரிக்க வழக்கு. அங்கே மருத்துவத் துறைகளுக்கான போர்ட் என்ற ஏற்பாடே கண்ணில்தான் தொடங்கியது. 1916இல் அமைந்த கண் மருத்துவ போர்ட், அந்த நாட்டின் முதல் சிறப்புத்துறை போர்ட். சில வாரப் பாடம் படித்துவிட்டுக் கண் நிபுணர் என்று பலகை தொங்கவிட்டவர்கள் அந்தக் காலத்தில் அங்கேயும் இருந்தார்கள். பயிற்சி பெற்ற வைத்தியர்களே தங்களைச் சோதித்துக்கொள்ள ஒரு வழி தேடினார்கள். இன்று அங்கே மருத்துவக் கல்லூரிக்குப் பிறகு குறைந்தது 4 வருடப் பயிற்சி, பிறகு எழுத்துப் பரீட்சை, அதில் தேறினால் வாய்மொழிப் பரீட்சை. 1992இலிருந்து தரும் சான்று ஆயுள் முழுதுக்கும் அல்ல. தொடர்ந்து படித்து, சோதிக்கப்பட்டு, புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ஒரு வித்தியாசம்: அங்கே தொழில் செய்ய அனுமதி தருவது மாநில அரசு. போர்ட் சான்று சட்டப்படி கட்டாயம் அல்ல. அதனால்தான் பெறாமகன் அதைத் தனியாகக் கேட்டுப் பார்க்கப் பழகியிருக்கிறார். நம்மிடம் சான்று இல்லாமல் அரச வைத்தியசாலையில் நிலையான நிபுணர் பதவி கிடையாது. ஆனால் அந்த மறுபரிசோதனை நம்மிடம் இல்லை. எனக்கு அது குறையாகவே படுகிறது. ஒருமுறை உரைத்துப் பார்த்த தங்கம் மாறாது, மனிதர் மாறுவார்.

பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள்தான் நோயாளிகளை அதிகம் குழப்புகின்றன. முக்கியமாக எம்.டி. நம் நாட்டில் அது பட்டப்பின்படிப்பு. ரஷ்யாவிலும் வேறு சில நாடுகளிலும் அதுவே முதல் மருத்துவப் பட்டம். அமெரிக்காவிலும் அப்படித்தான். வெளிநாட்டில் அந்தப் பட்டம் பெற்று வருபவர் இங்கே பதிவுக்கான தனிப் பரீட்சையில் தேறித்தான் தொழில் செய்கிறார். நல்ல வைத்தியர்கள் அவர்களில் நிறையப் பேர். ஆனால் அந்த இரண்டு எழுத்து மட்டும் அவரைக் கண் நிபுணர் ஆக்காது. சென்னை, மதுரைக்குப் போய் வருகிறவர்களுக்கும் ஒரு சொல்: அங்கே எம்.எஸ்., டி.என்.பி. என்பவை கண் மருத்துவத்தில் 3 வருடப் பட்டப்பின்படிப்பு, டி.ஓ. என்பது 2 வருட டிப்ளோமா. ஒன்று நல்லது மற்றது கெட்டது என்று சொல்ல வரவில்லை, பயிற்சியின் நீளம் வேறு.

எப்படிச் சரிபார்ப்பது? இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டை இணையத்தில் தேடலாம். சனலிங் எண்ணைப் பதியும்போதே, "இவர் கண் விசேட வைத்திய நிபுணரா, எந்த அரச வைத்தியசாலையில் வேலை செய்கிறார்?" என்று கேளுங்கள். மாலையில் தனியாரில் பார்க்கும் நிபுணர்களில் பெரும்பாலோர் பகலில் அரச வைத்தியசாலையில்தான் இருப்பார்கள். நேரடியாக என்னிடமே கேட்டாலும் நான் கோபிக்கமாட்டேன். கோபிக்கிற வைத்தியரிடம் இரண்டாம் முறை போக வேண்டுமா என்பதை நீங்களே யோசியுங்கள். காசு பிரச்சினை என்றால் கொழும்பில் கண்ணாஸ்பத்திரிச் சந்தியில் இறங்குங்கள். 1906இலிருந்து அங்கே நிற்கும் பழைய செங்கல் கட்டடம் அந்தச் சந்திக்குப் பெயர் தந்தது. இன்றைய தேசிய கண் வைத்தியசாலையில் நிபுணர் உங்களை இலவசமாகப் பார்ப்பார். வரிசை நீளம், அதை மறைக்கமாட்டேன்.

எல்லாவற்றுக்கும் நிபுணர் தேவையும் இல்லை. நாற்பது வயதில் பத்திரிகையைக் கை நீட்டிப் பிடிக்கத் தொடங்கினால் கண்ணாடி அளப்பவரே போதும். நீரிழிவு இருந்தால், வீட்டில் யாருக்காவது குளுக்கோமா இருந்தால், கண்ணாடி மாற்றியும் குறை தீரவில்லை என்றால், பெயர்ப் பலகையைத் தாண்டி விசாரியுங்கள்.

ஐயா இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருகிறார். அழுத்தம் 15, 16இல் நிற்கிறது. கறுத்த இடங்கள் கறுத்தபடியே இருக்கின்றன, பெருக்கவில்லை. நிறுத்திய பெடியனைத் தேடிப் போய்த் திரும்பக் கூட்டி வந்துவிட்டதாகப் போன தடவை சொன்னார். பேசிக்கொண்டே எழுந்தவர் கதவடியில் நின்றுவிட்டார். சனலிங் சென்டர்களில் அறை ஒன்று, வைத்தியர் பலர். என் நேரம் முடிந்திருந்தது. மிஸ் கதவிலிருந்த என் பெயர்ப் பலகையை உருவி எடுத்துவிட்டு, தோல் நிபுணரின் பலகையைச் செருகிக்கொண்டிருந்தார். ஐயா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதையா பிள்ளை நான் படம் எடுத்து நியூ ஜேர்சிக்கு அனுப்பினேன்?" என்றார்.