ஆபரேஷனுக்கு வெறும் வயித்துல வான்னா மாத்திரையையும் நிறுத்தணும்னு யாருங்க சொன்னது?

நான் மயக்க டாக்டர். இப்படி மாத்திரைய நிறுத்திட்டு வந்ததுல இந்த மாசத்துல இவரு நாலாவது ஆளு. அதனாலதான் டூட்டி முடிஞ்ச கையோட உக்காந்து டைப் பண்ணிட்டிருக்கேன்.

ஏற்காடு எஸ்டேட்ல ரைட்டர் வேலை, வயசு 58, ஹெர்னியா ஆபரேஷன். காலங்காத்தால முதல் பஸ் புடிச்சு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் வந்து சேந்துட்டாரு, ஃபைல்ல எல்லாம் சரியா இருக்கு, டேபிள்ல படுக்க வெச்சு மானிட்டர மாட்டினா பல்ஸ் 118, பிபி 190/110. பயத்துல ஏறியிருக்கும்னு அஞ்சு நிமிஷம் பேச்சு குடுத்துப் பாத்தேன், இறங்கல. "அண்ணா, மாத்திரை போட்டீங்களா?"ன்னு கேட்டா, "ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு மாத்திரையும் ஆகாதுன்னு மெடிக்கல்ல சொன்னாங்க சார், மூணு நாளா நிறுத்திட்டேன்"ங்கறாரு. வெளிய அவரு சம்சாரம் மஞ்சப்பையில இருந்து ஸ்ட்ரிப்ப எடுத்துக் காட்டுறாங்க. அட்டெனொலால் 50, பிபிக்கும் இதயத் துடிப்ப அடக்கவும் போடற மாத்திரை. கடைசி மூணு குழி பிரிக்கவே இல்ல.

கேஸ தள்ளி வெச்சோம். சர்ஜன் என்னை மொறைக்கிறாரு, வீட்டுக்காரங்களும் என்னைத்தான் மொறைக்கிறாங்க. மயக்க டாக்டர் பொழப்பு இதுதான்.

இங்க ஒண்ண நல்லா புரிஞ்சுக்கோங்க. வெறும் வயித்துல வாங்கன்னு நாங்க சொல்றது எதுக்குன்னா, மயக்கத்துல இருக்கறப்ப வயித்துல இருக்கற இட்லியும் பால் காப்பியும் மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிடக்கூடாதுன்னுதான். அதுக்குத்தான் சோறு, டிபன், பால் எல்லாம் 6 மணி நேரத்துக்கு முன்னாடியே நிறுத்தச் சொல்றோம், வெறும் தண்ணி 2 மணி நேரம் முன்னாடி வரைக்கும் குடிக்கலாம். ஒரு சின்ன மாத்திரையும் ரெண்டு மடக்கு தண்ணியும் அந்தக் கணக்குலயே வராது. விரதம் இல்லீங்க இது, சாமி குத்தமும் ஆகாது. "ஒண்ணுமே சாப்பிடல டாக்டர்"னு பெருமையா சொல்றவங்கள பாத்தா எனக்கு வயித்தெரிச்சல்தான் வருது.

நாங்க போடற மருந்துல பாதி இதயத்த ஒரு பக்கம் இழுக்கும், அத சமாளிக்க மீதி மருந்து. முதுகுல ஊசி போட்டா பிபி இறங்கும், அத ஏத்தற ஃபெனைலெஃப்ரினோ மெஃபென்டர்மினோ முன்கூட்டியே சிரிஞ்சுல ஏத்தி டிரேல தயாரா இருக்கும். முழு மயக்கத்துல தசைய தளர்த்த ஒரு மருந்து போட்டோம்னா, முடிஞ்சதும் அத முறிக்க நியோஸ்டிக்மின் போடுவோம். அது தசையோட நிக்காது, இதயத்துலயும் போய் துடிப்ப ரொம்ப குறைச்சிடும். அதனால துடிப்பு குறையாம பாத்துக்கற கிளைக்கோபைரோலேட்ட சேத்தேதான் குடுப்போம், 2.5 மில்லிகிராம் நியோஸ்டிக்மின்னா கூடவே 0.5 மில்லிகிராம் கிளைக்கோ. தனியா நியோஸ்டிக்மின் போடுன்னு ஒரு ஸ்டூடன்ட் சொன்னா அன்னைக்கு அவனுக்கு மதிய சாப்பாடு கிடையாது. அந்தக் கிளைக்கோவாலதான் முழிச்சதும் நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது. "தாகத்துல துடிக்கிறாரு டாக்டர்"னு நர்ஸுக்குத் தெரியாம எளநீர் ஊத்தாதீங்க, பஞ்ச தண்ணில நனைச்சு உதட்ட தொடச்சு விட்டா போதும்.

இவ்வளவும் எங்க கையில இருக்கு. ஆனா வருஷக்கணக்கா "லால்"ல முடியற மாத்திரை, மெட்டோப்ரொலால், அட்டெனொலால், கார்வெடிலால் மாதிரி, போட்டுட்டு இருக்கறவங்க அத திடீர்னு நிறுத்தினா, அடக்கி வெச்ச இதயம் ரெண்டு மடங்கா துள்ளும். அந்த நேரத்துல தொண்டையில மூச்சுக்கு நான் டியூப் வேற போடணும், அதுலயும் துடிப்பு எகிறும். ஹார்ட் அட்டாக் வர்றதுக்கு வேற என்ன வேணும்?

உடனே மாமனார் மாத்திரைய கடன் வாங்கி ஆபரேஷன் அன்னைக்கு ஒண்ணு போட்டுக்கிற வேலையும் வேண்டாம். போன வருஷம் ஒருத்தர் அதையும் செஞ்சாரு. பழக்கமே இல்லாதவங்களுக்கு அன்னைக்குன்னு மெட்டோப்ரொலால் ஆரம்பிச்சா என்ன ஆகும்னு 8000 பேருக்கு மேல வெச்சு 'பாய்ஸ்'னு ஒரு ஆய்வு பண்ணாங்க, 2008ல முடிவு வந்துச்சு: ஹார்ட் அட்டாக் குறைஞ்சுது, ஆனா ஸ்ட்ரோக்கும் சாவும் கூடிப் போச்சு. ஏற்கெனவே போடறவங்க விடக்கூடாது, போடாதவங்க அன்னைக்கு ஆரம்பிக்கக்கூடாது, அவ்வளவுதான்.

எல்லா பிபி மாத்திரையும் ஒண்ணில்ல, அதையும் சொல்லிடறேன். டெல்மிசார்டன் மாதிரி சிலத அன்னைக்கு காலைல வேண்டாம்னு நாங்களே சொல்லுவோம். சுகருக்கு டாபாக்ளிஃப்ளோசின் சாப்பிடறவங்க 3 நாள் முன்னாடியே நிறுத்தணும். ஸ்டென்ட் வெச்சவங்க ஆஸ்பிரின தானா நிறுத்தவே கூடாது, இதய டாக்டரும் சர்ஜனும் பேசி முடிவு பண்ணட்டும். மெடிக்கல் கடைல கேக்காதீங்க, பக்கத்து பெட்காரர்கிட்டயும் கேக்காதீங்க. வீட்டுல இருக்கற மாத்திரை அம்புட்டையும், நாட்டு மருந்து பொட்டலம் உட்பட, ஒரு பையில போட்டு செக்கப்புக்கு வர்றப்ப எங்க முன்னாடி கொட்டுங்க, நாங்க பிரிச்சு சொல்றோம். வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

ரைட்டரண்ணன் பத்து நாள் கழிச்சு திரும்ப வந்தாரு. காலைல ரெண்டு மடக்கு தண்ணியோட மாத்திரைய போட்டுட்டு, காலி குழிய என்கிட்ட காட்டறதுக்காகவே ஸ்ட்ரிப்ப சட்டைப் பாக்கெட்ல வெச்சிருந்தாரு. பல்ஸ் 68. முடிஞ்சு முழிச்சதும் கேட்ட முதல் கேள்வி, "சார், ஒரு வாய் காப்பி?"

பஞ்சுதாங்க குடுத்தோம்.