கறியைப் பார்த்து வாங்குகிறோம், விறகை?

மொட்டை மாடியிலோ தோட்டத்திலோ நாலு குடும்பம் சேர்ந்து கிரில் அடுப்பு மூட்டுவது நம் ஊர்களில் சாதாரணமாகிவிட்டது. சந்தோஷம்தான். கல்யாண வீடுகளிலும் பண்ணை வீடுகளிலும் இதையே தொழிலாகச் செய்கிற எனக்கு ஒரு கவலை மட்டும் உண்டு. கோழி எந்தக் கடை, ஆடு இன்றைக்கு அறுத்ததா என்று துருவித் துருவிக் கேட்கிறவர்கள், அடியில் எரியப்போகும் கட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. குழம்பு வைத்தால் நடுவில் பாத்திரம் இருக்கிறது. கம்பி வலையில் சுடும்போது அப்படி எதுவும் இல்லை. கட்டையில் இருப்பது புகையாகி நேரே கறிமேல் படிகிறது.

பல இடங்களில் வீட்டுக்காரர், "விறகுக்குப் பஞ்சமே இல்ல அண்ணே, கட்டட வேலையில மிஞ்சுனது அந்த ஓரமா கெடக்கு" என்பார். போய்ப் பார்த்தால் சென்ட்ரிங் பலகை. கான்கிரீட் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதன்மேல் எண்ணெய் பூசுவார்கள். வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலைப் பூசுவதும் உண்டு. கையில் எடுத்தால் கருத்து, பிசுபிசுவென்று இருக்கும். வெயிலில் கிடந்து மேலே வெளுத்திருந்தாலும், ஓரத்தில் லேசாகச் செதுக்கி மோந்து பாருங்கள், ஆயில் வாடை வரும். அந்தப் பலகை எங்கள் அடுப்புக்கு வராது. யார் சொன்னாலும் வராது.

பழைய கதவு, ஜன்னல் சட்டங்களும் அப்படித்தான். தேக்கு என்பதால் நன்றாக எரியும், உண்மைதான். ஆனால் அதன்மேல் அடுக்கடுக்காக எத்தனை வருஷத்துப் பெயின்ட் இருக்கிறது? வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டில் எவ்வளவு இருந்தது என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஈயம் எரிந்து காணாமல் போகிற பொருளும் இல்லை. புகையிலும் சாம்பலிலும் தங்கும். பக்கத்தில் விளையாடும் குழந்தைகளுக்குத்தான் அதனால் கெடுதல் அதிகம். பிளைவுட், மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் துண்டுகளில் பசை இருக்கிறது. எரித்தால் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு வரும். கரையான் மருந்து அடித்த மரமும் வேண்டாம். சரக்கு வரும் பேலட் கட்டையில் 'எம்பி' (MB) என்ற ஆங்கில எழுத்துகள் முத்திரையில் இருந்தால் பூச்சியைக் கொல்ல மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு செலுத்தியது என்று அர்த்தம். 'எச்டி' (HT) என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது. அப்படியிருந்தாலும் அதன்மேல் என்னென்ன சரக்கு கொட்டியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? நான் இரண்டையுமே தொடுவதில்லை.

அப்புறம், சாலையோரம் வெட்டிப் போட்ட கிளைகளைப் பொறுக்கி வருவது. தேசிய நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் வரிசையாக நிற்பது பெரும்பாலும் அரளி. இலை, பூ, பட்டை, கட்டை எல்லாமே விஷம். காய்ந்த பிறகும் விஷம் போவதில்லை. இதயத் துடிப்பையே குலைக்கும் நஞ்சு அது. மஞ்சள் அரளியும் அப்படியே. அரளிக் குச்சி நேராக, வழவழப்பாக இருக்கிறதே என்று கறி கோர்க்கவும் எடுத்துவிடாதீர்கள். பால் வடிகிற எருக்கு, கள்ளி, பிச்சாவரம் பக்கம் தில்லை இவற்றையும் அடுப்புக்கு அருகே கொண்டுவர வேண்டாம். தில்லைப் பால் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படும். என்ன மரம் என்று பெயர் தெரியாவிட்டால் எரிக்காதீர்கள்.

சரி, எதைத்தான் வாங்குவது? விறகுக் கடையில் சவுக்கு கேளுங்கள். நேரான கட்டை, நின்று எரியும், தணல் சீராக இருக்கும். புளிய விறகு பிளக்கக் கடினம். ஆனால் அதன் தணல் வெகுநேரம் தாங்கும், பெரிய துண்டுக் கறிக்கு என் முதல் தேர்வு அதுதான். வேலிகாத்தான் என்கிற சீமைக்கருவேலம் எங்கும் கிடைக்கும், சூடும் அதிகம். அமெரிக்காவில் டெக்சாஸ்காரர்கள் பார்பெக்யூவுக்குக் கொண்டாடும் மெஸ்கிட் இதன் நெருங்கிய சொந்தம்தான். இரண்டுக்கும் புகை காரம். அதனால் முழுதாகத் தணலாக்கிவிட்டுத்தான் கறியை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். லேசான புகை மணம் வேண்டுமென்றால் காய்ந்த கொய்யாக் கிளை இரண்டு துண்டு போதும். வேம்பும் தைல மரமும் வெந்நீர் போடத்தான் சரி.

இதெல்லாம் காய்ந்திருந்தால்தான். அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் பாதிவரை தண்ணீர். அது 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். கடையில் இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டுங்கள். காய்ந்தது 'டங்' என்று கணீரென்று சொல்லும். ஈரக்கட்டை 'தொப்'பென்று அமுங்கிப் போகும். காய்ந்த கட்டையின் வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து வெளியே வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை விரலால் நெம்பினாலே கழன்று வரும். ஈரக்கட்டையை அடுப்பில் செருகினால் மறுமுனையில் நுரை கட்டி 'ஸ்ஸ்' என்று சத்தம் வரும், வெள்ளைப் புகை சுருண்டு எழும். அந்தப் புகையில் கறி வாட்டினால் தார் வாடைதான் மிஞ்சும்.

பற்றவைக்க மண்ணெண்ணெய், பிளாஸ்டிக் கவர் எதுவும் வேண்டாம். தென்னம் பன்னாடையும் நாலு சிராய்த் துண்டும் போதும்.

பசி அவசரத்தில் தீநாக்கு மேலேயே கறியை வைத்துவிடுகிறார்கள். அரை மணி, முக்கால் மணி பொறுங்கள். கட்டை உடைந்து, தணல்மேல் சாம்பல் நிறம் பூத்த பிறகு வையுங்கள். கொழுப்பு சொட்டித் தீ கிளம்பினால் கறியை ஓரத்துக்குத் தள்ளுங்கள். அந்தப் புகையில் வரும் பென்சோபைரீனை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. கருகின பாகத்தைச் சீவி எறிந்துவிடுங்கள், ருசிக்காக விட்டுவைக்க வேண்டாம்.

கரி வாங்குவதானால் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கும் கரி நல்லது. உடைத்தால் முகம் பளபளவென்று கறுப்பாக இருக்க வேண்டும். உள்ளே பழுப்பாகத் தெரிந்தால் சரியாக வேகாத கரி, புகையும்.

கொடைக்கானல், ஊட்டிக்கு அடுப்பைத் தூக்கிப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. சாப்பிட்டு முடித்ததும் குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று மிச்சத் தணலை அறைக்குள் எடுத்துப்போய்க் கதவைச் சாத்திவிடுகிறார்கள். அப்படித் தூங்கி எழுந்திருக்காமலே போனவர்கள் உண்டு. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. கூடாரத்துக்குள்ளும் அதே ஆபத்துதான். தணல்மேல் தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். மேலே கை நீட்டினால் சூடு துளியும் தெரியக் கூடாது. அதன் பிறகும் அடுப்பு ராத்திரி முழுக்க வெளியிலேயே இருக்கட்டும்.