திறந்திருக்கும் கட்டு, தெரியாத எண்: லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில் நீதிமன்ற ஆவணம் தேடுவது எப்படி

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சலஸ் நகரின் நடுவே, ஹில் தெருவில், ஸ்டான்லி மோஸ்க் நீதிமன்றக் கட்டடமும் அதற்கு அருகிலேயே நீதிமன்றத்தின் ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. அங்குள்ள சாளரத்தில் சென்று நிற்பவர் தாம் அந்த வழக்கில் வாதியா, பிரதிவாதியா, வெறும் அயலாரா என்று சொல்லத் தேவையில்லை. எதற்காகப் பார்க்க விரும்புகிறார் என்ற காரணமும் பொதுவாகக் கேட்கப்படுவதில்லை. வழக்கின் எண்ணைக் கொடுத்தால், மூடி வைக்கப்படாத எந்தக் கட்டையும், அதாவது வழக்கின் தாள்தொகுப்பையும், அவர் படித்துப் பார்க்கலாம், கட்டணம் செலுத்தி நகல் பெறலாம். ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் வாழும் கவுன்டிக்கு (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிக்கு) முப்பதுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் இயங்கும் ஒரே விசாரணை நீதிமன்றம் இது. சுப்பீரியர் கோர்ட் என்ற இதன் பெயரைக் கேட்டு நம்முடைய உயர் நீதிமன்றத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது. பணியளவில் அது மாவட்ட நீதிமன்றத்தையே ஒத்தது.

இவ்வளவு திறந்த அமைப்பில் தேடுபவர்கள் பலர் ஏன் வெறுங்கையோடு திரும்புகிறார்கள் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆவணம் திறந்திருப்பது ஒன்று, அதைக் கண்டுபிடிக்க முடிவது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தின் ஒரு பகுதி பழைய பதிவு முறையால் வந்தது. மற்றொரு பகுதி, நன்கு யோசித்தே விதிகளால் வைக்கப்பட்டது.

முதலில் உரிமை எங்கிருந்து வருகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் தகவல் சுதந்திரச் சட்டம் 1966-இல் இயற்றப்பட்டது. அது கூட்டாட்சி அரசின் நிர்வாகத் துறைகளை மட்டுமே கட்டுப்படுத்தும். கலிபோர்னியாவின் பொது ஆவணச் சட்டம் 1968-இல் வந்தது. அதுவும் நீதிமன்றங்களைத் தொடாது. ஆகவே அந்தச் சட்டங்களை மேற்கோள் காட்டி வழக்குக் கட்டைக் கேட்டு எழுதும் கடிதம், சரியான கதவைத் தட்டாத கடிதம். நீதிமன்ற ஆவணத்தைப் பார்க்கும் உரிமை நீதிமன்றத் தீர்ப்புகளால் வளர்ந்த வழக்காற்றுச் சட்டத்திலிருந்து வந்தது என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978-இல், நிக்சனுக்கும் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் உறுதி செய்தது. அந்த உரிமை எல்லையற்றதன்று என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. குற்ற விசாரணைகள் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதை பேச்சுரிமையைக் காக்கும் அரசமைப்பின் முதல் திருத்தத்தோடு இணைத்தது 1980-ஆம் ஆண்டின் ரிச்மண்ட் நியூஸ்பேப்பர்ஸ் தீர்ப்பு.

அடுத்தது, எந்த அலுவலகம் என்ற கேள்வி. கவுன்டிக்குள் நடந்த எல்லாமே கவுன்டி நீதிமன்றத்தில் இருக்கும் என்று கருதுவதுதான் மிகப் பரவலான பிழை. திவால் வழக்குகள் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு உரியவை. அவற்றை பேசர் என்னும் மின்தளத்தில் பக்கத்துக்கு 10 சென்ட் கட்டிப் பார்க்கலாம், ஓர் ஆவணத்துக்கு 3 டாலருக்கு மேல் வாங்குவதில்லை, மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் பயன்படுத்தியிருந்தால் கட்டணமே இல்லை. குடிவரவு நீதிமன்றங்களோ நீதித் துறை அமைச்சகத்தின் ஓர் அங்கம். அவை இந்த இரண்டு வரிசையிலும் சேரா. மணமுறிவுத் தீர்ப்பு கவுன்டி நீதிமன்றத்தில் இருக்கும், ஆனால் திருமணச் சான்றும் வீட்டுக் கிரயப் பத்திரமும் நார்வாக்கில் உள்ள கவுன்டி பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். சேர்ந்ததற்கு ஓர் அலுவலகமும் பிரிந்ததற்கு வேறோர் அலுவலகமுமாக அமைந்திருப்பது விந்தையாகத் தோன்றலாம். திருமணம் ஒரு பதிவு. மணமுறிவு ஒரு வழக்கு. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால் பல அலைச்சல்கள் குறையும்.

இனி எண்ணுக்கு வருவோம். ஒரு மனு தாக்கல் செய்யப்பட்டதும் அதற்கு வழக்கு எண் ஒதுக்கப்படுகிறது. அதன்பின் வரும் ஒவ்வொரு தாளும், ஒவ்வொரு உத்தரவும் அந்த எண்ணின் கீழ் நாள்வாரியாக ஒரு பதிவேட்டில் ஏறும். நீதிமன்றத்தின் நினைவு முழுவதும் இந்த எண்ணைச் சுற்றியே கட்டப்பட்டுள்ளது. 2018 இறுதிக்கு முன், நகர மையத்தில் தாக்கலான பெரிய உரிமையியல் வழக்குகள் பிசி என்ற ஈரெழுத்தும் ஆறு இலக்கங்களும் கொண்டிருந்தன. புதிய முறையில் முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டு, அடுத்த இரண்டு எழுத்துகள் கட்டடம், அதற்கடுத்த இரண்டு வழக்கின் வகை, கடைசியில் வரிசை எண். எஸ்டி என்றால் ஸ்டான்லி மோஸ்க், எல்பி என்றால் லாங் பீச். சிவி என்றால் உரிமையியல், எஃப்எல் என்றால் குடும்ப வழக்கு, பிபி என்றால் உயிலும் வாரிசுரிமையும். எண்ணைப் படிக்கத் தெரிந்தவர் எந்த ஆண்டில், எந்தக் கட்டடத்தில், எவ்வகை வழக்கு என்பதைக் கட்டைத் திறக்காமலேயே அறிந்துவிடுகிறார்.

பெரும்பாலோரிடம் எண் இருப்பதில்லை, பெயர்தான் இருக்கிறது. பெயரிலிருந்து எண்ணுக்குச் செல்லும் பாலம்தான் பெயர் அட்டவணை; இந்த இடத்தில்தான் தேடல் சறுக்குகிறது. அட்டவணை குடும்பப் பெயரை முதலிலும் தனிப் பெயரைப் பின்னும் வைத்து அடுக்கப்பட்டது. தமிழர்களுக்கோ குடும்பப் பெயர் என்பதே இல்லாத மரபு. தந்தையின் பெயரை முன்னெழுத்தாக இட்டுக்கொள்கிறோம். அமெரிக்கப் படிவத்தில் அந்தத் தந்தை பெயரே குடும்பப் பெயர்க் கட்டத்தில் போய் உட்காரும். மகளைத் தேடுபவர் அவளுடைய தந்தையின் பெயரில் தேட வேண்டியிருக்கும். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கமாக எஃப்என்யு என்று அச்சாகும். அந்த மூன்றெழுத்து பின்னர் மற்ற ஆவணங்களிலும் ஒரு பெயரைப் போலவே ஒட்டிக்கொள்வதுண்டு.

எழுத்துக் கூட்டல் இன்னொரு சிக்கல். பிழையாக எழுதப்பட்ட பெயர்களை ஒலியைக் கொண்டு பிடிப்பதற்காக ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் 1918-இல் காப்புரிமை பெற்ற முறைதான் சவுண்டெக்ஸ். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பழைய ஏடுகளை அடுக்க அது பெருமளவில் பயன்பட்டது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளையும் எச், டபிள்யூ, ஒய் ஆகியவற்றையும் விட்டுவிட்டு, மீதமுள்ள மெய்களை ஆறு குழுக்களாகப் பிரித்து எண் தருவதே அதன் அடிப்படை: பி, எஃப், வி முதலியவை 1, சி, ஜி, கே, எஸ் முதலியவை 2, டி முதலியவை 3, எல் 4, எம்மும் என்னும் 5, ஆர் 6. ஒரே எண் அடுத்தடுத்து வந்தால் ஒன்றாகிவிடும். சண்முகம் என்ற பெயரை எஸ்-எச்-ஏ என்று தொடங்கினாலும், எஸ்-எச்-யு என்று தொடங்கினாலும், எச் இல்லாமல் எஸ்-ஏ என்றே தொடங்கினாலும் விடை எஸ்-525 என்றே வரும். இலங்கைத் தமிழர் பலர் எழுதுவதுபோல சி-எச் என்று தொடங்கினாலோ அது சி-525 ஆகிவிடும். முதல் எழுத்து மாறியதால் இரண்டும் ஒன்றையொன்று அறியாத அந்நியர்கள். ஒலிவழித் தேடல் இருக்கும் அட்டவணையிலும், இல்லாத அட்டவணையிலும், வழங்கக்கூடிய எழுத்துக் கூட்டல்கள் அனைத்தையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுவதே நம்பத்தக்க வழி. லாஸ் ஏஞ்சலஸில் இணையவழிப் பெயர்த் தேடலுக்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதையும் அப்போது நினைவில் கொள்ள வேண்டும்.

ஒரே பெயருடையோர் பலர் இருந்தால் பிறந்த தேதியால் பிரித்தறியலாமே என்று தோன்றும். கலிபோர்னியாவில் அந்த வழி அடைக்கப்பட்டுவிட்டது. மின் அட்டவணையிலிருந்து பிறந்த தேதியையும் ஓட்டுநர் உரிம எண்ணையும் நீக்க வேண்டும் என்று மாநில நீதிமன்ற விதி 2.507 சொல்கிறது, ரிவர்சைடு கவுன்டி நீதிமன்றம் அவற்றைக் காட்டாமல், ஆனால் அவற்றைக் கொண்டு தேட மட்டும் அனுமதித்து வந்தது. 2021-இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம், தேட விடுவதும் விதிக்கு முரணே என்று தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர்களில் ஒரு தரப்பு, சிறை சென்று திரும்பியவர்களின் உரிமைக்காக உழைக்கும் ஆல் ஆஃப் அஸ் ஆர் நன் என்னும் அமைப்பு. இதன் விளைவாக, வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்காகப் பின்னணி விசாரிப்பவர்களின் பணி கடினமானது. தவறான ஆளின் குற்றப் பதிவு இன்னொருவர் தலையில் விழாமல் தடுக்கப் பிறந்த தேதி உதவும் என்ற அவர்களுடைய வாதத்தில் பொருள் இல்லாமலில்லை. ஆயினும் பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு குற்றம் ஒரு விசைத்தட்டலில் ஒருவரின் வாழ்நாள் முழுதும் பின்தொடர்வதை நினைக்கும்போது, தீர்ப்பின் பக்கமே என் மனம் சாய்கிறது.

இந்தச் சிந்தனைக்கு அமெரிக்கச் சட்டத்தில் ஒரு வேர் உண்டு. ஊர் ஊராக நீதிமன்றங்களில் சிதறிக் கிடக்கும் ஏடுகளைத் தேடி எடுப்பதும், அவற்றையெல்லாம் ஓரிடத்தில் திரட்டிய கணினித் தொகுப்பைப் பார்ப்பதும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் ஒரு வழக்கில் சொன்னது. தாள் காலத்தில் இயல்பாகவே இருந்த அந்த மறைவை, மின் காலத்தில் விதி எழுதித்தான் காக்க வேண்டியிருக்கிறது. கலிபோர்னியாவின் விதி 2.503 அதைத்தான் செய்கிறது. நாள்வாரிப் பதிவேடு, அட்டவணை, அன்றாட வழக்குப் பட்டியல் ஆகியவற்றை இணையத்தில் வைக்கலாம். உரிமையியல் வழக்குகளின் தாள்களையும் வைக்கலாம். குற்ற வழக்கு, குடும்ப வழக்கு, மனநலம், காப்பாளர் நியமனம், பாதுகாப்பு ஆணை போன்றவற்றின் தாள்களைப் பொதுமக்கள் நீதிமன்றத்துக்கு நேரில் வந்துதான் பார்க்க முடியும். இணையத்தில் கிடைக்கும் வழக்குத் தாள்களையும் ஒவ்வொரு வழக்காகத்தான் எடுக்கலாம், மொத்தமாக அள்ளிச் செல்ல அனுமதியில்லை. எனவே இணையத்தில் ஒன்றும் தென்படவில்லை என்பது ஆவணம் மூடப்பட்டதற்கு அடையாளமன்று. பேருந்து ஏறிப் போக வேண்டும் என்பதற்கான அடையாளமாகவே பெரும்பாலும் இருக்கும்.

உண்மையிலேயே மூடப்பட்டவையும் உண்டு. தத்தெடுப்பும் சிறார் வழக்குகளும் சட்டத்தால் மூடப்பட்டவை. நன்னடத்தை அதிகாரியின் அறிக்கை, தீர்ப்புக்குப் பின் 60 நாள் திறந்திருந்து பிறகு மூடிக்கொள்ளும். வாடகைக்காரரை வெளியேற்றும் வழக்கில் இதற்கு நேர்மாறு: 2017 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, வழக்கு தாக்கலான 60 நாளுக்குள் வீட்டுக்காரர் வென்றால்தான் கட்டு பொதுமக்களுக்குத் திறக்கும், இல்லையேல் பொதுவாக மூடியே இருக்கும். அதுவரை பார்க்க விரும்பும் வெளியாள் இரு தரப்பிலும் ஒருவரின் பெயரையும் வீட்டின் முகவரியையும் சரியாகச் சொல்ல வேண்டும். வாடகை கட்டிக்கொண்டு நியாயமாக வாழ்ந்த ஒருவர் மேல் தொடுக்கப்பட்ட பொய் வழக்குகூட அடுத்த வீடு கிடைக்காமல் செய்துவிடும் என்பதனால் பிறந்த ஏற்பாடு இது. இவ்விதிகளிலேயே மிகுந்த கனிவோடு எழுதப்பட்டதாக இதையே கருதுகிறேன்.

மற்ற வழக்குகளில் தரப்பினர் இருவரும் ஒத்துக்கொண்டாலும் கட்டை மூட முடியாது. நடிகர் கிளின்ட் ஈஸ்ட்வுட்டுக்கு எதிராக சோண்ட்ரா லாக் தொடுத்த வழக்கில் விசாரணையின் சில பகுதிகளை லாஸ் ஏஞ்சலஸ் நீதிபதி மூடியதை எதிர்த்து ஒரு தொலைக்காட்சி நிலையம் மேலே சென்றது. 1999-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், உரிமையியல் விசாரணைகளும் திறந்தவையே என்று அறிவித்தது. அதிலிருந்து பிறந்த விதியின்படி, வெளிப்படைத்தன்மையை மிஞ்சும் நலன் ஒன்று உண்டு, மூடாவிட்டால் அதற்குக் கேடு வரும், மூடுவது தேவையான அளவுக்கு மட்டுமே, வேறு மென்மையான வழி இல்லை என்றெல்லாம் நீதிபதி தெளிவாகக் கண்டறிந்து பதிவு செய்ய வேண்டும்.

நகல் கேட்கும்போது எவ்வகை நகல் வேண்டும் என்பதை முடிவு செய்துகொண்டு செல்வது நல்லது. படிப்பதற்கான சாதாரண நகலுக்குப் பக்கத்துக்கு 50 சென்ட். அலுவலர் பத்து நிமிடத்துக்கு மேல் தேட நேர்ந்தால் 15 டாலர் தேடற்கட்டணம். சான்றிட்ட நகல் என்றால் பொதுவாக அதன்மேல் 40 டாலர் சேரும். கலிபோர்னியாவில் பெற்ற மணமுறிவுத் தீர்ப்பை இந்தியாவில் காட்ட வேண்டியவர் சான்றிட்ட நகலையே வாங்க வேண்டும். அதன்மேல், ஆவணம் மெய்யானது என்று வெளிநாட்டுக்குச் சான்று தரும் அப்போஸ்டில் முத்திரையை மாநிலச் செயலர் அலுவலகத்தில் பெற வேண்டும். அம்முத்திரையை ஏற்கும் பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா 2005 முதல் இருக்கிறது. சாட்சிகள் சொன்னதன் சொல்லுக்குச் சொல் பதிவு மட்டும் இந்தக் கட்டணங்களுக்குள் அடங்காது. அதைச் சுருக்கெழுத்தாளரிடமிருந்து தனியே விலை கொடுத்து வாங்க வேண்டும், அன்றைய விசாரணைக்குச் சுருக்கெழுத்தாளரே இல்லாதிருந்தால் அப்படியொரு பதிவும் பெரும்பாலும் இராது.

கடைசியாக, காலம். கட்டுகள் நிலையாக இருப்பதில்லை. வழக்கு முடிந்தபின் பெரிய உரிமையியல் கட்டுகள் 10 ஆண்டுகளும், குடும்ப வழக்குகள் 30 ஆண்டுகளும், பெருங்குற்ற வழக்குகள் குறைந்தது 50 ஆண்டுகளும், பெரும்பாலான சிறு குற்ற வழக்குகள் 5 ஆண்டுகளும் காக்கப்பட்டபின் அழிக்கப்படலாம். மரண தண்டனை வழக்குகள் என்றென்றும் இருக்கும். பெரிய உரிமையியல் வழக்கின் கட்டு போனாலும் தீர்ப்பு நிலைத்திருக்கும். எனவே மனுவும் சாட்சியமும் கிடைக்காத இடத்தில் முடிவு மட்டுமாவது கிடைக்கும். 1911-க்கு முன் தாக்கலான ஆவணங்கள் அனைத்தையும் நிரந்தரமாகக் காக்க வேண்டும் என்று விதி சொல்வதால், 1995-இல் நடந்த ஒரு கடன் வழக்கின் கட்டு அழிந்துபோயிருக்க, 1895-இல் நடந்த ஒரு வேலித் தகராறின் தாள்கள் பத்திரமாக இருக்கக்கூடும். கவுன்டி தோன்றிய 1850 முதலான அப்பழங்கட்டுகளில் ஒரு பெருந்தொகுதி இன்று ஹில் தெருவில் இல்லை. சான் மரினோவிலுள்ள ஹண்டிங்டன் நூலகத்தில் இருக்கிறது.